கதினாவுக்கு முந்தின வெடி

கல்லோயாத் திட்டத்துத் தண்ணீர் வயலுக்கு வரத் தொடங்கிய காலம் அது. ஐம்பதுகளின் நடுப்பகுதி. கிழக்குக் கரையில் கல்முனைக்குப் பக்கத்தில் எங்கட ஊர். ஊரில் உழவு மெசின் இரண்டுதான் இருந்தது. ஒன்றை நான் ஓட்டினேன். அது நிறைய வயல் வைத்திருந்த ஒரு போடியாருடையது. முதலில் அவருடைய எருமைகளைச் சாய்த்து ஓட்டிக்கொண்டிருந்தேன். மெசின் வந்ததும் என்னை அதில் ஏற்றிவிட்டார்.

எருமைக்குச் சட்டம் இல்லை. மெசினுக்கு ஊர்ச் சபை சட்டம் போட்டது.

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். சபைக் கிளாக்கர் மூன்று தரம் வாசித்துக் காட்டினார். இரும்புச் சில்லு தார் றோட்டில் படக்கூடாது. வயல் சேற்றுக்குத்தான் இரும்புச் சில்லு. ஊருக்குள் வரும்போது ரப்பர்ச் சில்லு மாற்ற வேணும். சில்லுக்கு மேலே உள்ள மட்காட்டில் ஆள் ஏற்றக் கூடாது. பின்னால் இழுக்கிற பெட்டியில் வருகிறவர்கள் நிற்கக் கூடாது, இருந்துதான் வர வேணும். பொழுது பட்டால் லாம்பு கொளுத்த வேணும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரம் பள்ளி றோட்டுக்கு வரவே கூடாது. மற்ற நேரம் பள்ளிக்கு முன்னால் வேகத்தையும் சத்தத்தையும் குறைக்க வேணும். அதற்கென்று அந்த இடத்தில் ஒரு பலகையும் நட்டார்கள்.

எல்லாவற்றுக்கும் ஓம் என்று கையெழுத்து வைத்தேன். ஒரு அனுமதித் துண்டு தந்தார்கள். அது இருந்தால் மெசின் ஊருக்குள் வரலாம். இல்லாவிட்டால் ஆற்றுக்கு அந்தப் பக்கம்தான்.

மட்காட் சட்டத்தால் சொந்தக்காரர் பலர் கோபித்துக்கொண்டார்கள். எங்கட மாமா ஒருவர் ஏற்றச் சொல்லி றோட்டில் கை காட்டினார். நான் ஏற்றவில்லை. அன்றிலிருந்து என்னைக் கண்டால் பக்கத்தில் நிற்கிறவரிடம், பெரிய ஏசண்டர் துரை போறார், வழிய விடுங்க என்பார்.

எனக்கு அந்தத் துண்டு பெரிது. தங்கச்சிக்குக் கலியாணம் பேசி வைத்திருந்தது. எங்கட பக்கம் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுக்க வேணும். வாப்பா இல்லை. சுவர் பாதியில் நின்றது. மெசின் வேலைதான் அதை மேலே தூக்கிக்கொண்டிருந்தது.

அந்த வருடம் நோன்பு சிறுபோக உழவோடு வந்தது. நோன்போடு மெசின் ஓட்டுவது கஷ்டம்தான். எஞ்சின் சூடு முகத்தில் அடிக்கும். மண்ணெண்ணெய் மணம் உடுப்பில் ஏறி நிற்கும்.

அப்போது பள்ளியில் ஒலிபெருக்கி இல்லை. நோன்பு திறக்கிற நேரம் பள்ளி முற்றத்தில் கதினா போடுவார்கள். நிலத்தில் நட்ட இரும்புக் குழாயில் வெடிமருந்தை இடித்து நெருப்பு வைப்பது. கடற்கரை வரைக்கும் கேட்கும். வெடி கேட்டால் ஊர் நோன்பு திறக்கும். பிறகுதான் மோதினார் தொழுகைக்கு வாங்கு சொல்வார். சில வீடுகளில் மணிக்கூடு இருந்தது. அவர்களும் வெடியைத்தான் நம்பினார்கள்.

நோன்பு பாதி கழிந்திருந்தது. அன்று வயல் முடிந்து, ஆற்றைக் கடக்கிற தாம்போதிக்கு வந்து, மருத மரத்தடியில் சில்லு மாற்றினேன். ஒரு நட் இறுகிவிட்டது. அதோடு மல்லுக்கட்டியதில் நேரம் போயிற்று. தலை நிமிர்ந்தால் பொழுது வயல் பக்கம் இறங்கியிருந்தது. வீட்டில் உம்மா கஞ்சியை மூடி வைத்துக்கொண்டு பார்த்திருப்பா.

கிறவல் றோட்டில் மெசினை வேகமாக விட்டேன். கிறவல் தார் றோட்டில் ஏறுகிற இடத்தில்தான் பள்ளி. பலகை கண்ணில் பட்டதும் வேகத்தைக் குறைத்தேன். மெல்ல மெல்லக் குறைக்கவில்லை. ஒரேயடியாக அடைத்தேன். மெசினின் புகைக்குழாய் வெடித்தது.

மண்ணெண்ணெய் மெசின் அப்படித்தான். நாள் முழுக்க உழுது சூடேறி நிற்கும். எண்ணெயைத் திடீரென்று அடைத்தால் எரியாத மிச்சம் குழாய்க்குள் போய் வெடிக்கும். வயலில் வெடித்தால் கொக்கு எழும்பும். அவ்வளவுதான். நான் அதைக் கணக்கெடுக்கவில்லை.

பள்ளிக்குப் பின்னால் நெசவுத் தெரு. பன்னிரண்டு வீடு. போடியார் வளவுக்கு அந்தத் தெருவால்தான் போக வேணும். தெருவில் திரும்பினேன். வெக்கைக்கு எல்லாரும் முற்றத்தில் பாய் போட்டு இருந்தார்கள். எல்லா முற்றத்திலும் கஞ்சி குடிக்கிறார்கள். கதினா போட்டாயிற்று, மெசின் சத்தத்தில் எனக்குத்தான் கேட்கவில்லை என்று நினைத்தேன். மெசினில் இருந்தபடியே சால்வை முடிச்சை அவிழ்த்துப் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டேன். போத்தல் தண்ணீரை முழுக்கக் குடித்தேன்.

தெருவின் மற்ற முனைக்குப் போகும்போது கதினா வெடித்தது.

மெசினை நிறுத்தித் திரும்பிப் பார்த்தேன். வாய்க்குக் கொண்டுபோன கோப்பைகள் அப்படியே நின்றன. எங்கேயோ ஒரு சின்னப் பிள்ளை மட்டும் இன்னும் கஞ்சி கேட்டது. பிறகு ஒவ்வொருவராக மெசின் பக்கம் முகத்தைத் திருப்பினார்கள்.

கதினா போடுகிறவர் பிறகு சொன்னார். அவர் நெருப்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நேரம் பார்த்து நின்றாராம். வெடிச் சத்தம் கேட்டதும் தன்னுடைய குழாய்தான் தானாக வெடித்ததோ என்று குனிந்து பார்த்தாராம்.

அடுத்த நாள் மத்தியானம் ளுஹர் தொழுத பிறகு சபைக் கந்தோருக்குக் கூப்பிட்டார்கள். சபைத் தலைவர் ஒரு ஹாஜியார். கிளாக்கர் இருந்தார். முறைப்பாடு சொல்ல நெசவுத் தெருவிலிருந்து ஒருவர் வந்திருந்தார். நாலு தறி வைத்திருந்தவர். தெருவில் அவர் சொல்தான் சொல். எல்லாரும் அண்ணன் முறையில் அவரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

கிளாக்கர் சட்டத்தை ஒவ்வொன்றாக வாசித்துக் கேட்டார். சில்லு மாற்றினாயா. மாற்றினேன். மட்காட்டில் ஆள் இருந்ததா. இல்லை. லாம்பு. பொழுது படவில்லை. பள்ளிக்கு முன்னால் குறைத்தாயா. குறைத்தேன். தலைவர் தாளை வாங்கித் தானும் ஒரு தரம் பார்த்தார். சட்டப்படி இவனில் பிழை இல்லையே என்றார்.

"சட்டம் தப்பிட்டு, ஹாஜியார்," என்றார் காக்கா. "பன்ரெண்டு வீட்டு நோன்புதான் தப்பல்ல."

தலைவர் என்னைப் பார்த்தார். மெசின் தானாகத்தானே வெடித்தது என்று கேட்டார். கேட்ட விதத்தில், ஓம் என்றால் போகலாம் என்று இருந்தது.

"தானா வெடிக்கல்ல ஹாஜியார்," என்றேன். "மெல்லக் குறைச்சா வெடிக்காது. அது எனக்குத் தெரியும். நோன்பு திறக்கிற அவசரத்தில ஒரேயடியா அடைச்சிட்டன்."

கிளாக்கர் பேனையை மேசையில் வைத்தார்.

காக்கா என் பக்கம் திரும்பினார். "நீ எப்ப நோன்பு திறந்த?"

"உங்களோடதான் காக்கா."

"என்னெண்டு?"

"நீங்க எல்லாரும் குடிக்கிறதக் கண்டன். வெடி போட்டாச்செண்டு நினைச்சன்."

தலைவர் சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் ஆடியது. காக்கா சிரிக்கவில்லை. அப்படியென்றால் நீயும் கழாப் பிடிக்க வேணும் என்றார். ஓம் என்றேன். கழா என்றால் விட்ட நோன்பைப் பிறகு ஒரு நாள் பிடிப்பது.

தலைவர் துண்டை வாங்கி மேசை லாச்சியில் போட்டார். ஒரு தாளைத் தந்து, தெருவார் ஆட்சேபம் இல்லை என்று காக்கா இதில் கையெழுத்து வைத்தால் திருப்பித் தருவேன் என்றார்.

போடியாருக்குக் கோபம். அவர் கத்துகிற ஆள் இல்லை. தலைவரே கதவைத் திறந்து விட்டார், நீ சுவரில் போய் முட்டியிருக்கிறாய் என்றார். மெசினை இரவில் வெளியே விட அவருக்கு மனம் இல்லை. சாமானைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம். பெருநாள் கழிந்து பத்து நாள் தவணை தந்தார். அதற்குள் துண்டு வராவிட்டால், துண்டு உள்ள வேறு றைவரைப் பிடிப்பேன் என்றார். அதில் நியாயம் இருந்தது.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு நெசவுத் தெருவுக்குப் போனேன். என் பிழையைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லி வீடு வீடாகப் பொருத்தம் கேட்டேன். முதல் வீட்டு ராத்தா, நாங்கள் அவசரப்பட்டதற்கு நீ என்ன செய்வாய் என்றா. இன்னொரு வீட்டில் ஒரு கிழவர் தன் நோன்பு முறியவே இல்லை என்று நின்றார். பழத்தை வாயில் வைத்தாராம், விழுங்கவில்லையாம். அவருடைய பெண்சாதி உள்ளேயிருந்து, ரெண்டு கோப்பைக் கஞ்சியும் விழுங்காமத்தான் போச்சாக்கும் என்று கேட்டா. கிழவர் பேச்சை மாற்றி என்னிடம் மண்ணெண்ணெய் பற்றிக் கேட்டார்.

கடைசி வீடு காக்காவுடையது. தறியில் இருந்தார். கை நிற்கவில்லை. நான் நின்றேன். ஒரு முழம் நெய்த பிறகு கேட்டார்.

"பொருத்தம் கேட்டு வந்திரிக்கா. சரி. போன நோன்புக்கு என்ன செய்யப்போறா?"

"நீங்க கழாப் பிடிக்கிற அண்டைக்கு நானும் பிடிக்கிறன்."

கை நின்றது. பெருநாள் கழிந்து பிடிக்கிற ஆறு சுன்னத்து நோன்பும் முடியட்டும், அதற்குப் பிறகு தெரு முழுக்க ஒரே நாளில் பிடிக்கும் என்றார். அன்றைக்கு நான் அவருடைய முற்றத்தில் இருந்து நோன்பு திறக்க வேணும். கையெழுத்தைப் பிறகு பார்க்கலாம். அதுவரைக்கும் மெசின் ஆற்றுக்கு அந்தப் பக்கம் நிற்கட்டும்.

மிச்ச நோன்பு முழுக்க மெசினோடு தாம்போதிக்கு அங்கால் கிடந்தேன். மண்ணெண்ணெய் மாட்டு வண்டிலில் வந்தது. கஞ்சி வராது. பக்கத்து வயலில், சொறிக்கல்முனை என்ற தமிழ் ஊரின் ஆள் ஒருவர் காவல் இருந்தார். கதினா அவ்வளவு தூரத்துக்கு நல்லாகக் கேட்காது. என் காதில் எந்த நேரமும் மெசின்தான் ஓடிக்கொண்டிருந்தது. அவர் குடிலுக்கு வெளியே வந்து நின்று கேட்டுச் சொல்வார். போட்டாச்சு தம்பி என்பார். மெய்யாகவா அண்ணன் என்று நான் திருப்பிக் கேட்பேன். அவருக்கு அது ஒரு விளையாட்டுப் போல. மூன்றாம் நாளிலிருந்து, நான் கேட்கும் முன்னமே இரண்டு தரம் சொல்லத் தொடங்கினார். சில நாள் நோன்பு திறக்க இளநீர்க் குரும்பை வெட்டித் தந்தார்.

பெருநாள் தொழுகைக்கு நடந்து போய் நடந்து வந்தேன். தங்கச்சியின் சுவரைப் பார்த்தேன். மழை கரைத்திருக்கவில்லை. அது போதும்.

பெருநாள் கழிந்து ஒன்பதாம் நாள்தான் தெருவார் நோன்பு பிடித்தார்கள். போடியாரின் தவணையில் ஒரு நாள் மிச்சம் இருந்தது. அதைக் காக்காவிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் இரங்கிக் கையெழுத்து வைத்ததாகிவிடும்.

பொழுது சாய நடந்து போனேன். தறிகளை நிறுத்தியிருந்தார்கள். காக்காவின் முற்றத்தில் நீளமாகப் பாய் விரித்துப் பன்னிரண்டு வீட்டு ஆண்களும் இருந்தார்கள். பெண்கள் உள்ளே. கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. நோன்பு மாதம் இல்லை என்றபடியால் கதினா இல்லை. வாங்கு மட்டும்தான். மேற்கிலிருந்து கச்சான் காற்று கடலைப் பார்த்து அடித்தது. தெருவுக்குக் கிழக்கே பள்ளி. சத்தம் வரவேண்டிய பக்கத்துக்குக் காற்று எதிர்.

வெளிச்சம் குறைந்தது. ஒருவர் வாங்கு கேட்டது என்றார். மற்றவர், அது கோழி என்றார். பழத்தை விழுங்காத கிழவர் கோப்பையில் கை வைத்தார். உள்ளேயிருந்து ஒரு செருமல் வந்தது. கையை எடுத்தார்.

காக்கா என்னைப் பார்த்தார். "நீ செல்லு. உனக்குக் கேட்டிச்சா?"

"என்னக் கேக்காதிங்க காக்கா. எனக்கு இன்னும் மெசின்தான் கேக்குது."

அப்போதுதான் அவர் சிரித்தார். நான் பார்த்தது அதுதான் முதல் தரம். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பில் வாங்கு வந்திருந்தாலும் கேட்டிருக்காது. காக்கா எழும்பினார். ஒருவரும் வாயில் வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தானே பள்ளிக்கு நடந்தார். நாங்கள் கஞ்சியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். திரும்பி வந்து, மோதினார் வாங்கு சொல்லி இறங்கிவிட்டார், குடியுங்கள் என்றார். அப்படியும் ஒருவரும் எடுக்கவில்லை. அவர் பாயில் இருந்து, பிஸ்மி சொல்லி, தண்ணீரைக் குடித்துக் காட்டின பிறகுதான் குடித்தோம்.

தொழுகை முடிந்து வரும்போது காக்கா சபைத் தாளைக் கேட்டார். மடியில் வைத்திருந்தேன். விரித்துப் பார்த்தார். கையெழுத்து வைக்கும் முன் ஒன்று சொன்னார். நோன்பு மாதத்தில் அஸர் தொடக்கம் கதினா போடும் வரைக்கும் மெசின் ஊருக்குள் வரக்கூடாது என்று சட்டத்தில் எழுத வேணும். மெல்லக் குறைத்தால் வெடிக்காது என்று நான் சொன்னேன்.

"உனக்குத் தெரியும்," என்றார். "நாளைக்கு வேற ஒருத்தன் ஓட்டினா?"

எழுதட்டும் என்றேன். கையெழுத்து வைத்தார். அடுத்த நாள் காலை கிளாக்கர் அந்தச் சட்டத்தையும் எழுதி எனக்கு வாசித்துக் காட்டினார். ஓம் என்றேன். தலைவர் லாச்சியைத் திறந்தார். போடியாரிடம் துண்டைக் காட்டினேன். பார்த்துவிட்டு, மத்தியானம் தெற்கு வயல் வட்டையை உழு என்றார்.

அன்று பின்னேரம் மெசினை ஊருக்குள் கொண்டு வந்தேன். தாம்போதி தாண்டினதிலிருந்தே வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வந்தேன். பள்ளிக்கு முன்னால் மெசின் எருமை நடையில் போனது. மாமா றோட்டோரம் நின்றார். இந்தத் தரம் ஏற்றச் சொல்லிக் கை காட்டவில்லை. மெசினோடு சேர்ந்து நடந்தே வந்தார், நெசவுத் தெரு முடியும் வரைக்கும்.