மைனஸ் ஒன்பது

என் அக்காவின் வீட்டுக்காரர் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். வருகிறவர் வாசலில் நின்று கண்ணைச் சுருக்கும்போதே பவரைச் சொல்லிவிடுவார். அத்தானும் சோடாபுட்டிதான். அவர் அப்பா, தங்கை, மகள், அத்தனை பேரும் சோடாபுட்டி. "எங்க பரம்பரைச் சொத்தே இதுதான் மச்சான்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

இன்னொரு பரம்பரைப் பெருமையும் உண்டு. அவருடைய தாத்தா புரட்சியில் சண்டை போட்டு, போர்க்கைதியாகி, இரண்டு வருடம் முகாமில் கிடந்து திரும்பியவர். பிள்ளைகள் பிறந்ததெல்லாம் அதற்குப் பிறகுதான். அந்தத் தாத்தாவின் ஒரே மகள், அத்தானின் அத்தை, எண்பதைத் தாண்டிவிட்டார். கைதிகளின் பெயர்களை நினைவுச் சுவரில் செதுக்கப் போகிறார்கள், வெள்ளிக்கிழமைக்குள் வாரிசு கையெழுத்துப் போட்டு விண்ணப்பம் தர வேண்டும் என்று தெரிந்ததும், "அப்பா பேரைப் பாத்துட்டுத்தான் நான் கண்ணை மூடுவேன்" என்று சொல்லி, பேரனான அத்தான்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

ஆவணக் காப்பகத்துக்கு நானும் அத்தானும் நடையாய் நடந்தோம். மூன்றாம் நாள் முகாம் பதிவேட்டின் நகல் கிடைத்தது. பெயர், ஊர், தகப்பன் பெயர் எல்லாம் சரி. கீழே ஒரு வரி: "தொலைவிலிருந்து குறி தவறாமல் சுடுபவர். கண்ணாடி அணிவதில்லை. வயது முப்பத்தொன்று."

அத்தான் வழியெல்லாம் அந்த வரியையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டு வந்தார். கடைக்கு வந்ததும், விண்ணப்பத்தோடு வைக்கச் சொல்லி அத்தை கொடுத்திருந்த தாத்தாவின் கண்ணாடியை எடுத்து, பவர் பார்க்கும் மெஷினில் வைத்தார். மைனஸ் ஒன்பது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். அதேதான். விடுதலையான வருடத்துப் போட்டோவில் தாத்தா போட்டிருப்பதும் இதே கண்ணாடி.

"முகாம்ல இருட்டுல கிடந்து கெட்டுப்போயிருக்கும் அத்தான்."

"நல்லா இருந்த கண்ணு ரெண்டே வருஷத்துல இப்படி ஆகாது மச்சான். அதுவும் ரெண்டு கண்ணும் ஒரே மாதிரி."

"அப்ப எழுதினவன் தப்பா எழுதியிருப்பான்."

"இருக்கலாம்."

இருக்கலாம்தான். ஆனால் காப்பக எழுத்தர் பேச்சுவாக்கில் சொன்னது எனக்கு அப்போதுதான் உறைத்தது. முகாமில் ஒருவர் செத்தால், அவர் பெயரிலேயே இன்னொருவர் விடுதலையாகி வந்ததும் உண்டாம். போனவர் ஒருவர், வந்தவர் வேறொருவர் என்றால், அத்தையைப் பெற்றவளுக்குமா தெரியாமல் போகும்?

வெள்ளிக்கிழமை காலையில் அத்தான் பட்டும் படாமலும் கேட்டார். "தாத்தா நல்லா சுடுவாரா அத்தை?"

"அவரா! கண்ணாடியக் கழட்டுனா எதுக்க நிக்கிறது யாருன்னே தெரியாது. காதும் மந்தம். பேர் சொல்லிக் கூப்பிட்டா மூணாவது தடவைதான் திரும்புவாரு." அத்தை சிரித்தார். "ஆனா அம்மா அடுப்படியிலேருந்து மெதுவா 'இந்தாங்க'ன்னா போதும், ஓடி வந்துடுவாரு."

எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. கையெழுத்துப் போட்டால் பொய். போடாவிட்டால், ஒருவேளை முகாமிலேயே செத்துப்போன அந்தத் துப்பாக்கிக்காரருக்காகக் கேட்க வேறு நாதியில்லை. இவர்களுக்கெல்லாம் இந்தக் கண்ணைக் கொடுத்த மனிதரின் உண்மையான பெயரோ யாருக்கும் தெரியாது.

"என்னடா, பேனா எழுதலையா?" என்றார் அத்தை.

அத்தான் கையெழுத்துப் போட்டார். 'கைதிக்கு என்ன உறவு' என்ற கட்டத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, மெதுவாக எழுதினார்: அவர் பெயரில் வாழ்கிறோம்.

"பேரன்னு எழுதிட்டியா?" என்றார் அத்தை. தன் சோடாபுட்டிக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்திருந்தவருக்கு மேஜைக்கு அந்தப் பக்கம் ஒன்றும் தெரியாது.

"எழுதிட்டேன் அத்தை."