கிளியரிங் ஏஜெண்டின் இடது கண்

என் வேலை என்ன என்று கல்யாணப் பந்தியில் யாராவது கேட்டால், பாயசம் வரும்வரை நான் பதில் சொல்வதில்லை. முதலிலேயே சொன்னால் பக்கத்து இலைக்காரர் இலையை மூடிவிடுவார். தூத்துக்குடியில் ஒரு கண் வங்கியில் இருக்கிறேன். இறந்தவர்கள் தானமாகத் தந்த கண்ணிலிருந்து கருவிழியை எடுத்து, சோதித்து, மாற்று அறுவைக்குத் தயார் செய்து டாக்டர் கையில் கொடுப்பது என் பிழைப்பு.

என் மதினியின் பிழைப்பு இதைவிட விசேஷம். அண்ணன் பெண்டாட்டி என்றாலும் பள்ளிக்கூடத்தில் என் பெஞ்சுக்காரி, அதனால் எங்களுக்குள் வா, போதான். அவள் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே ஆராய்ச்சியும் செய்கிறாள். ஆய்வுக் கட்டுரைகளில் யார் யார் பெயர் போடுகிறார்கள், எந்த வரிசையில் போடுகிறார்கள், அந்தக் கட்டுரையைப் பின்னால் வருகிறவர்கள் எத்தனை பேர் எடுத்துக்காட்டுகிறார்கள் என்பதுதான் ஆராய்ச்சி.

“ஒருத்தி செத்தவன் கண்ணை நோண்டுதா, இன்னொருத்தி உசுரோட இருக்கவன் பேரை நோண்டுதா. எங்க வீட்டுப் படிப்பு வெளிய சொல்லுத மாதிரியா இருக்கு?” என்று என் அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

அந்த வருஷம் எங்கள் டாக்டர் ஒரு கட்டுரை எழுதினார். கருவிழியின் உட்புறத்தில் ஒரு சவ்வு ஒட்டிக்கொண்டிருக்கும். கருவிழி மங்காமல் பார்த்துக்கொள்ளும் செல்கள் அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. சில நோயாளிகளுக்கு முழுக் கருவிழியும் வேண்டாம், அந்தச் சவ்வை மட்டும் மாற்றினால் போதும். அதற்கு முதலில் அதைக் கிழியாமல் உரித்தெடுக்க வேண்டும். கண்ணுக்கே தெரியாது என்பதால் நீலச் சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டே, இடுக்கியால் ஓரத்தைப் பிடித்து மெல்ல இழுக்க வேண்டும். இளநுங்கின் தோலை நகம் படாமல் உரித்தவர்களுக்கு ஓரளவு புரியும். ஆனால் நுங்கு கிழிந்தால் வாயில் போட்டுக்கொள்ளலாம். இது கிழிந்தால் போச்சு.

உரித்தது நான். எழுதியது டாக்டர். பெயர்கள் மட்டும் ஆறு. டாக்டர், அவருடைய பெரிய டாக்டர், பெரிய டாக்டரின் மகன், டாக்டரின் மனைவி, யாரென்றே தெரியாத ஒருவர், கடைசியாக நான். டாக்டரின் மனைவி பல் டாக்டர்.

“பல் டாக்டருக்குக் கண்ணுக்குள்ள என்னட்டி சோலி?” என்று மதினி விழுந்து விழுந்து சிரித்தாள். “ஊரான் வீட்டு நெய்யே, எம் பெண்டாட்டி கையே! ஆறாவது பேருன்னா உனக்கு என்ன கிடைக்கும் தெரியுமா? நாளைக்கு எவனாவது இந்தக் கட்டுரையை எடுத்துக்காட்டினா, முதல் பேரைப் போட்டுட்டு ‘மற்றும் பலர்’னு முடிச்சிருவான். அந்தப் பலர்ல ஒருத்தி நீ.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெயரை ஒரு இடமாவது மேலே போடச் சொல்லிக் கேள் என்று அவள் தினமும் ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தாள். நானும் நாளைக்குக் கேட்கிறேன், நாளைக்குக் கேட்கிறேன் என்று டாக்டர் முகத்தைப் பார்த்ததும் பல்லைக் காட்டிவிட்டு வந்துகொண்டிருந்தேன்.

அப்படியிருக்கையில் ஒரு மத்தியானம் முன்பின் தெரியாத ஒரு அக்கா வந்தாள். ஐம்பது வயதுக்குமேல் இருக்கும். கையில் சுருட்டிய பெரிய காகிதம்.

“ஏளா, கண்ணு எடுக்குத இடம் இதுதானா?”

“ஆமாக்கா. உக்காருங்க. யாரைப் பாக்கணும்?”

“உக்கார வரல. போன வருசம் எம் புருசன் கண்ணைத் தந்தேன். ரெண்டு பேருக்குப் பார்வை கிடைக்கும்னு சொல்லித்தான் எடுத்திய. அந்த ரெண்டு பேரு யாருன்னு சொல்லு. போஸ்டர்ல போடணும்.”

என் மேசையில் இருந்ததையெல்லாம் ஒதுக்கிவிட்டுக் காகிதத்தை விரித்தாள். அச்சகத்திலிருந்து சரிபார்க்கக் கொடுத்த முதலாம் ஆண்டு நினைவஞ்சலிப் போஸ்டர். நடுவில் அவள் கணவர், இரண்டு கண்ணையும் உருட்டி விழித்துக்கொண்டு, பேயைப் பார்த்தவர்போல இருந்தார். படத்துக்குக் கீழே ‘மறைந்தும் இருவருக்குப் பார்வை தந்த வள்ளல்’ என்று தடித்த எழுத்து. அதற்கும் கீழே பெயர் வரிசை. முதல் பெயர் மட்டும் வள்ளல் என்ற எழுத்தைவிடப் பெரிதாக இருந்தது.

வாங்கிக்கொண்டவர்கள் யாரென்று சொல்ல விதியில்லை என்றேன். அவள் இடுப்பில் கையை வைத்தாள்.

“ஹார்பர்ல ஒரு முந்திரி மூட்டை இறங்கினாக்கூட, அனுப்பினது யாரு, வாங்கினது யாருன்னு பேப்பர் இருக்கும். கிளியரிங் ஏஜெண்டு வேலை பாத்து அந்தப் பேப்பர்லயே எம் புருசன் காலம் போச்சு. அவரு கண்ணுக்கு மட்டும் பேப்பர் கிடையாதா? நல்ல கூத்தா இருக்கே!”

பிறகு தானாகவே உட்கார்ந்தாள். குரலும் இறங்கியது.

“ஞாயித்துக்கிழமை வீட்டுல சாப்பாடு. எங்க பெரியவரு, அவருக்கு அண்ணன், எல்லாரு முன்னாலயும் கேப்பாரு. கண்ணைக் குடுக்கக் கூடாதுன்னு அன்னைக்கே குறுக்க நின்ன மனுசன். ‘கண்ணில்லாம மேல போயி எப்படி வழி கண்டுபிடிப்பான்?’னு கத்துனாரு. ‘உசுரோட இருக்கும்போதே நாலு பேருகிட்ட கேட்டுத்தான் போவாரு, அங்கயும் கேட்டுக்கிடுவாரு’ன்னு சொல்லிட்டுக் கையெழுத்துப் போட்டேன். ஒரு வருசமா விடல. ‘உன் ரெண்டு பேரு எங்கட்டி? கண்ணைச் சாக்கடையிலதான் போட்டிருப்பான்’னு நாலு பேரு இருக்கும்போது கேக்காரு. இந்தத் தடவ நான் பதில் சொல்லியாகணும்.”

கம்ப்யூட்டரில் தேடினேன். இரண்டு கண்ணுமே மாற்று அறுவைக்கு ஆகாதவை. செல்கள் குறைவு. பயிற்சிக்கு என்று ஒதுக்கியிருந்தோம். அவள் கையெழுத்துப் போட்ட சம்மதப் படிவத்தில் அதுவும் இருந்தது. ஆனால் கணவர் செத்துக் கிடக்கும் நேரத்தில் அதையெல்லாம் யார் காதில் வாங்குவார்கள்? ரெண்டு பேருக்குப் பார்வை என்ற ஒன்றைத்தான் அவள் பிடித்துக்கொண்டிருந்தாள்.

டாக்டரிடம் ஓடினேன். “யாருக்கு வச்சோம்னு சொல்லக்கூடாது. யாருக்கும் வைக்கலைன்னா அதைத் தெரிஞ்சுக்க அவங்களுக்கு உரிமை இருக்கு. நீயே பக்குவமாச் சொல்லிரு, எனக்கு ஓ.பி. இருக்கு” என்றார். நல்ல செய்தி என்றால் ஓ.பி. இருந்திருக்காது.

திரும்பி வந்து சொன்னேன். எப்படிப் பக்குவமாகச் சொன்னாலும் விஷயம் ஒன்றுதானே. யாருக்கும் வைக்கவில்லை.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. போஸ்டரைச் சுருட்ட ஆரம்பித்தாள். அது கோணலாகச் சுருண்டது. விரித்து மறுபடியும் சுருட்டினாள்.

“அப்போ பெரியவரு சொன்னதுதான் சரியாப் போச்சு. நான் ஊரெல்லாம் சொல்லிட்டு அலைஞ்சேனே, கோட்டிக்காரி மாதிரி.”

எனக்கு அழுகை வந்தது. கூடவே கோபமும் வந்தது, அந்தப் பெரியவர்மேல்.

“சாக்கடையில எவன் போட்டான்? எங்கிட்டதான் இருந்துச்சு, அக்கா” என்றேன். “நான் சொல்லுததைக் கேட்டுட்டுப் போங்க.”

சொன்னேன். போன வருஷம் இந்தச் சவ்வு உரிக்கும் வேலையை எனக்குப் பழக்க ஆரம்பித்திருந்தார்கள். ஆகாத கண்களில்தான் பழக வேண்டும். தொட்டதெல்லாம் கிழிந்தது. என் கைக்கு இது சரிப்படாது, உப்பளத்து ஆபீஸில் கணக்கெழுதப் போய்விடலாம் என்று அண்ணனை விட்டு வேலைக்குச் சொல்லியும் வைத்தாயிற்று. கடைசியாக ஒரு தடவை என்று நான் பழக எடுத்தவை, பதிவில் பார்த்த தேதிப்படி, அவள் கணவரின் கண்கள்தான். இடது கண் கிழிந்தது. வலது கண்ணில் எங்கே பிடிக்க வேண்டும், எவ்வளவு மெதுவாக இழுக்க வேண்டும் என்று கைக்கே தெரிந்ததுபோல் இருந்தது. ஓரங்கூடப் பிசிறாமல் முழுதாக வந்து நீலமாகச் சுருண்டு மிதந்தது. நான் போட்ட கூச்சலில் வாட்ச்மேன் ஓடிவந்தார். உப்பளத்துக்குப் போகவில்லை. அதற்குப் பிறகு இங்கிருந்து மாற்று அறுவைக்குப் போன சவ்வு ஒவ்வொன்றும் நான் உரித்ததுதான்.

“அது எல்லாமே அந்தக் கண்ணுல படிச்ச படிப்புக்கா.”

அவள் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

“அப்போ இடது கண்ணைக் கிழிச்சிட்டியா?”

“ஆமாக்கா.”

“அது சொன்ன பேச்சு கேக்காத கண்ணுளா” என்றாள். “கோயில்ல வச்சும் கண்ணடிப்பாரு, எழவு வீட்டுல வச்சும் அடிப்பாரு, எங்க மாமியா சோறு போட்டுக்கிட்டு இருக்கும்போதே என்னையப் பாத்து அடிப்பாரு. எல்லாம் அந்த இடது கண்ணுதான். உனக்கு மட்டும் அடங்கிருமா?” சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு நிற்பதற்குள் அழுதாள். நானும் கூட அழுதேன்.

என்னை ஸ்கூட்டரில் கூட்டிப்போக வந்த மதினி, நாங்கள் இரண்டு பேரும் மூக்கைச் சிந்திக்கொண்டிருப்பதைப் பார்த்துப் பயந்துவிட்டாள். விஷயத்தைச் சொன்னேன். போஸ்டரைப் பார்த்ததும் அவள் முகத்தில் ஒரு களை வந்தது. பெயர் வரிசையைப் பார்த்தால் அவளுக்கு அப்படித்தான்.

“முதல் பேரு யாருக்கா?”

“எங்க பெரியவரு.”

“கண்ணு குடுக்கணும்னு சொன்னது யாரு?”

“எம் புருசன்தான், சாகதுக்கு முன்னால.”

“கையெழுத்துப் போட்டது?”

“நான்.”

“உங்க பேரு எங்க?”

நாங்கள் மூன்று பேரும் தேடினோம். அவள் பெயர் மூன்றாவது வரியில், இரண்டு மாப்பிள்ளைமார்களுக்கு நடுவில் இருந்தது.

“குறுக்க நின்னவரு முதல் பேரா? கல்யாண வீடுன்னா மாப்பிள்ளையா இருக்கணும், எழவு வீடுன்னா பொணமா இருக்கணும், இப்படி ஒரு சென்மம் எல்லா வீட்டுலயும் இருக்கு. எங்க ஆராய்ச்சி முழுக்க இவங்கதான்” என்றாள் மதினி. “இவரைத் தூக்கி ‘மற்றும் குடும்பத்தார்’ல போடுங்க.”

“அந்த வள்ளல் வரியையும் எடுத்திரு” என்றாள் அக்கா. “இல்லாததைப் போட்டு அவருக்கு என்ன பெருமை?”

அங்கேயே உட்கார்ந்து புது வரி எழுதினோம். மதினி எழுதியதெல்லாம் கட்டுரைபோல் நீண்டது. நான் எழுதியது மருந்துச் சீட்டுபோல் இருந்தது. கடைசியில் அக்காதான் சொன்னாள். ‘இவர் கண்ணில் பழகிய கை, இன்று பலர் கண்ணுக்கு ஒளி தருகிறது.’ மதினி பேனாவால் காற்றில் ஒரு சரி போட்டாள்.

“கைக்குப் பேரு வேணும்ளா. பேரில்லாத கையை எவன் நம்புவான்? உன் பேரைச் சொல்லு” என்றாள் அக்கா.

“டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுதேன் அக்கா.”

“எதுக்கு? உன் பேரு, உன் கை, எம் புருசன் போஸ்டர். டாக்டரு பொஞ்சாதி பேரையும் போடணும்பாரா?” பல் டாக்டர் கதையை மதினி அதற்குள் சொல்லிவிட்டிருந்தாள். பெயரைச் சொன்னேன். எழுதிக்கொண்டு எழுந்தவள் வாசலில் நின்று திரும்பினாள். “இனிமே ஒண்ணைக் கிழிச்சேன்னு கேள்விப்பட்டேன், உன் பேரு இருக்க இடத்துல போஸ்டரைக் கிழிச்சிருவேன் பாத்துக்க.”

ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு எங்கள் இருவரையும் கூப்பிட்டிருந்தாள். பந்தியில் எதிர் வரிசையில் பெரியவர். வெள்ளை வேட்டி, வெள்ளை மீசை. சோறு விழுந்ததும் ஆரம்பித்தார். “எங்கட்டி உன் ரெண்டு பேரு?” பந்தியே நிமிர்ந்தது.

“ரெண்டு பேரு இல்ல” என்றாள் அக்கா, குழம்பு வாளியோடு நின்றபடி. “இந்தா இருக்கா. கேளுங்க.”

என் கையில் சோறு. பாயசம் வருவதற்குள் முதல் தடவையாக என் வேலையை ஒரு பந்தியில் முழுதாகச் சொன்னேன். கண் எங்கே இருந்தது, எதற்குப் பயன்பட்டது, இடது கிழிந்தது, வலது வந்தது, எல்லாம். யாரும் இலையை மூடவில்லை. பக்கத்து இலைப் பாட்டையா ஒருவர் குனிந்து என் விரல்களை உற்றுப் பார்த்தார்.

“அப்போ எத்தனை பேருக்குத்தான் பார்வை?” என்றார் பெரியவர்.

“இப்போ சொல்ல முடியாது மாமா. இன்னும் முடியலையே. நாளைக்குக் காலையில ஒருத்தருக்கு இருக்கு.”

அக்கா வாளியைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு எனக்கு இரண்டு கரண்டி கூடுதலாக ஊற்றினாள். பெரியவர் ரொம்ப நேரம் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தார். கண் எங்கே போனது என்று அவர் கேட்பது அன்றோடு நின்றது. போஸ்டரில் தன் பெயர் எங்கே போனது என்றுதான் இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறாராம்.

கட்டுரையில் நான் இன்னும் ஆறாவது பெயர்தான். கேட்க வேண்டும் என்று இப்போது தோன்றுவதில்லை என்றால் பொய். தோன்றுகிறது. கேட்கத்தான் போகிறேன்.

அந்தச் சாப்பாட்டுக்கு மறுநாள் காலை வேலைக்குப் போகப் பேருந்து நிலையத்தில் நின்றேன். எதிர்ச் சுவரில் போஸ்டர். படம் மாறியிருந்தது. பெரியவர் சொல்லி ஸ்டுடியோக்காரன் கண்ணைத் திறந்து திருத்திய அந்த உருட்டு விழிப் படத்தைத் தூக்கிவிட்டு, பழைய படத்தையே போட வைத்திருந்தாள் அக்கா. அதில் அவருடைய இடது கண் பாதி மூடியிருந்தது. ஊரே பார்க்கக் கண்ணடித்துக்கொண்டு நின்றார் மனுஷன். கீழே அந்த வரி, அதற்குக் கீழே தனியாக என் பெயர். என்னமோ பயமாக இருந்தது. இன்றைக்கு உரிக்கிற சவ்வு கிழியக் கூடாதே என்று கையை ஒரு தடவை மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டேன்.

பிறகு நானும் அவரைப் பார்த்து ஒரு கண்ணை அடித்தேன். போஸ்டருக்கு முன்னால் பஸ்ஸுக்கு நின்ற அண்ணாச்சி ஒருவர் தனக்குத்தான் என்று நினைத்துப் பதறிப்போய், பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய் நின்றார்.