கெட்டில் கைப்பிடியில் சிவப்புத் துணி

என் அண்ணி ஒரு லாட்ஜில் அறைகளைச் சுத்தம் செய்யும் வேலை பார்க்கிறார். மெத்தை விரிப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்து விடுவதிலும், கண்ணாடியில் விரல் தடம் தெரியாமல் துடைப்பதிலும் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. வீட்டிலும் அப்படித்தான். நான் கழுவிக் கவிழ்த்த டம்ளரை எடுத்து மறுபடி கழுவுவார். "உன்னைக் குறை சொல்லலம்மா, என் கை சும்மா இருக்க மாட்டேங்குது" என்பார். அண்ணன் அவருக்கு வைத்த பெயர் துடைப்பம். ஆசையாகத்தான் கூப்பிடுவார். தெருவிலும் அந்தப் பெயர் பரவிவிட்டது.

எங்கள் வீட்டுக் கரண்டு கெட்டிலுக்கு ஒரு வழக்கம் உண்டு. கடைசியாகப் படுக்கிறவர் அதில் தண்ணீர் நிரப்பி வைத்துவிட வேண்டும். முதலில் எழுகிறவர் சுவிட்சைத் தட்டினால் போதும். அண்ணன் பஸ் ஓட்டுகிறவர், விடியுமுன்னே கிளம்புகிறவர். அவருக்காக அண்ணி ஆரம்பித்தது. எங்கள் குடும்பத்தில் பிரியத்தை வாயால் சொல்லத் தெரிந்தவர் யாருமில்லை. அந்த ஒரு கெட்டில் தண்ணீரில்தான் எல்லாம் அடங்கியிருந்தது.

குழாயில் வருவதோ உப்புத் தண்ணீர். கெட்டிலின் அடியில் வெள்ளை வெள்ளையாகப் படிந்து, ஒருநாள் அண்ணனின் டீயில் செதில் மிதந்தது.

"என்ன துடைப்பம், ஊரான் கெட்டில் எல்லாம் பளபளக்குது. நம்ம கெட்டில் மட்டும் சுண்ணாம்புச் சட்டியா?"

அவர் சிரித்துக்கொண்டுதான் கேட்டார். அண்ணிக்குச் சுருக்கென்றது. அன்று ராத்திரியே எலுமிச்சை உப்பை வாங்கிவந்து தண்ணீரில் கரைத்து, ஒரு கொதி விட்டு, ஊறட்டும் என்று கெட்டிலிலேயே விட்டுவிட்டுப் படுத்தார். லாட்ஜில் இப்படி ஊறவைத்தால் கைப்பிடியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிடுவார்கள். உள்ளே மருந்து இருக்கிறது, யாரும் தொடாதே என்று அர்த்தம். நம் வீட்டில் யாருக்காகக் கட்ட வேண்டும் என்று அண்ணி கட்டவில்லை. விடியுமுன் அண்ணன் சுவிட்சைத் தட்டுவார் என்பது அந்தத் தூக்கக் கலக்கத்தில் நினைவுக்கு வரவில்லை.

விடியுமுன் எழுந்த அண்ணன் வழக்கம்போல சுவிட்சைத் தட்டினார். டீத்தூளை வடிகட்டியில் போட்டு அந்த வெந்நீரை ஊற்றினார், இருந்த பாலையெல்லாம் சேர்த்தார். பால் திரிந்து கட்டி கட்டியாக நின்றது. ஒரு வாய் வைத்துப் பார்த்து அப்படியே கொட்டிவிட்டு, "பால் கெட்டுப்போச்சு, ஒரே புளிப்பு" என்று அண்ணியை எழுப்பிச் சொல்லிவிட்டு வெறும் வயிற்றோடு கிளம்பிவிட்டார்.

வெறும் வயிற்றோடு போனாரே என்ற ஆத்திரத்தில் அண்ணி முகம்கூடக் கழுவாமல் தெருமுனைக்கு ஓடினார். கூடவே நானும் ஓடினேன். அங்கே பால்காரம்மா கேனை வைத்து ஊற்றிக்கொண்டிருந்தார். தன் வீட்டு மாட்டுப் பாலை விற்றுப் பிழைக்கிறவர். அண்ணிக்கு எப்போதும் அளவுக்கு மேலே ஒரு கை கொசுறு ஊற்றுவார்.

"தண்ணி ஊத்துறது பத்தாதுன்னு இப்போ கெட்ட பாலை வேற கலக்குறீங்களா? வண்டி ஓட்டுற மனுசன் வயிறு என்னத்துக்கு ஆகும்?"

வரிசையே திரும்பிப் பார்த்தது.

"எம் பாலா கெட்டுப்போச்சு?" என்றார் பால்காரம்மா. அதற்குமேல் பேசவில்லை. வரிசையில் நின்ற தையல்காரர் மனைவி தன் பாத்திரத்தை மூடிக்கொண்டு மெல்ல நழுவினார். அவர் பின்னாலேயே இன்னும் சிலரும் போனார்கள். பால்காரம்மா பாதிக் கேனோடு வீடு திரும்பினார்.

வீட்டுக்கு வந்த அண்ணி கெட்டிலைக் கழுவ எடுத்தார். கை அப்படியே நின்றது. கெட்டிலில் இன்னும் சூடு இருந்தது. உள்ளே அடியில் கொஞ்சம் தண்ணீர்தான் மிச்சம். ஓர் உப்புத் தடம் இல்லாமல் புதுசு போல மின்னியது.

"அண்ணி, என்னாச்சு?"

"அவர் இதைத்தான் கொதிக்க வச்சிருக்கார்டி" என்று தரையில் உட்கார்ந்துவிட்டார்.

விஷயம் எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும். வாயை மூடிக்கொண்டால் தெருவுக்குத் தெரியப்போவதில்லை. ஆனால் மேலே இருக்கிறவனுக்குத் தெரியுமே. அண்ணி அன்று லாட்ஜுக்குப் போகவில்லை. சோற்றைப் பிசைந்தார், ஒரு வாய் உள்ளே போகவில்லை. "அந்தம்மா ஒரு வார்த்தை திருப்பிப் பேசியிருந்தா எனக்கு இவ்வளவு அசிங்கமா இருக்காது" என்றார்.

சாயங்காலம் பால் வரும் நேரத்துக்குக் கெட்டிலையும் எடுத்துக்கொண்டு போனார். வரிசை சின்னதாக இருந்தது. அண்ணி பால்காரம்மாவின் பக்கத்தில் போய்க் குனிந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார். "அக்கா, தப்பு என் மேலதான். கெட்டில்ல மருந்து போட்டிருந்தேன்..."

பால்காரம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "காலையில கத்துனது தெருக்கோடி வரைக்கும் கேட்டுச்சே. இப்போ எதுக்கு என் காதுக்குள்ள வந்து சொல்றே?"

அண்ணியின் காது மடல்கள் சிவந்தன. கெட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பி நின்றார்.

"எல்லாரும் கேளுங்க. பால் நல்ல பால்தான். நான்தான் கெட்டில்ல புளிப்பு உப்பைப் போட்டு வச்சுட்டு, இவங்க மேல பழியைப் போட்டேன்."

வரிசையில் நின்ற யாரோ, "துடைப்பம் புருசன் வயித்தையே துடைச்சு எடுத்துடுச்சா?" என்று கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். அண்ணி சிரிக்கவில்லை. பால்காரம்மாவும் சிரிக்கவில்லை. அண்ணி அங்கிருந்து நேரே தையல்காரர் வீட்டுக்கும், காலையில் நழுவிய மற்றவர்கள் வீட்டுக்கும் போய், ஒவ்வொரு வாசலிலும் அதையே சொல்லிவிட்டு வந்தார். வழி நெடுக என் கையை விடவில்லை.

மறுநாள் எல்லாரும் வரிசைக்கு வந்துவிட்டார்கள். பால்காரம்மா அண்ணிக்கும் ஊற்றினார். அளவுச் சொம்பு நிறைந்ததும் கை நின்றுவிட்டது. கொசுறு இல்லை.

இப்போது கெட்டில் ஊறும்போதெல்லாம் கைப்பிடியில் சிவப்புத் துணி இருக்கும். அண்ணன் கேலி செய்தாலும் அண்ணி அவிழ்ப்பதில்லை. கொசுறு மட்டும் இன்றுவரை திரும்பவில்லை. ஒருநாள் நான், "கேட்டா ஊத்துவாங்க அண்ணி" என்றேன்.

"கேட்டு வாங்கினா அது கொசுறாம்மா?" என்று சொல்லிவிட்டு, பால் பாத்திரத்தை மூடி எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.