ஒன்றரை இலட்சம் ரூபாய் இசைத்தட்டு

சென்ற ஆண்டு நோன்புப் பெருநாள் கழிந்து சில வாரங்களின் பின்னர், ஒரு திங்கட்கிழமை காலை, பாலாவிச் சந்தியில் சிலாபம் செல்லும் பஸ்ஸுக்காக நான் காத்து நின்றேன். எங்கள் ஊரான மாம்புரியிலிருந்து அந்த நேரத்தில் புறப்பட்டு வருவது எனக்கு வழக்கமன்று. காலை வேளையில் கரையில் நின்று மீன் ஏலம் கூறுவதே என் தொழில். அன்று அந்த வேலையை மற்றொருவரிடம் ஒப்படைத்துவிட்டு, வீட்டுக் கூரையை மாற்றுவதற்கென்று சேர்த்திருந்த பணத்தைச் சட்டையின் உட்பையில் வைத்துக்கொண்டு வந்திருந்தேன். அப்பணத்தால் நான் வாங்க நினைத்தது, சிறியதொரு பீங்கான் தட்டு அளவேயான பழைய இசைத்தட்டு ஒன்று.

இதற்கான காரணத்தை முதலில் சொல்ல வேண்டும்.

என் மூத்த சகோதரர் பாரிசவாதத்தால் விழுந்து அப்போது மூன்று மாதங்களாகியிருந்தன. வலது கை சற்றே தேறியது. பேச்சு மட்டும் திரும்பவில்லை. தொழுகையில் ஓதுபவற்றை அவர் பிழையின்றி ஓதுவார். ஆனால் தண்ணீர் வேண்டும் என்று கேட்க அவரால் இயலாது. ஒரு நாள் கேட்க முயன்று, முயன்று, ஈற்றில் வெறுங்கோப்பையைச் சுவரில் எறிந்தார். அதன் பின்னர் முயல்வதையே விட்டுவிட்டார். சாப்பாட்டைக் கொண்டுபோய் வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

புத்தளத்தில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் மிஸ் ஒருவர் இருந்தார். சிங்களப் பெண்மணி, நன்றாகத் தமிழ் கதைப்பார். ஓதுவது வருகிறதென்றால் பாட்டும் வரும் என்றும், பாட்டின் வழியாகச் சொற்களும் வரலாம் என்றும் அவர் சொன்னார். முதல் மாதங்கள் மிகவும் முக்கியமானவை, வீணாக்கிவிட வேண்டாம் என்றும் எச்சரித்தார். நாங்கள் கைத்தொலைபேசியில் எத்தனையோ பாடல்களைப் போட்டுப் பார்த்தோம். சகோதரர் எதையும் காதில் வாங்கவில்லை. ஆயினும் தனியே இருக்கும்போது ஒரே ஒரு மெட்டை மட்டும், சொற்கள் இல்லாமல், முனகிக்கொண்டிருந்தார்.

அந்த மெட்டு எனக்குத் தெரிந்ததே. இளமையில் என் சகோதரர் கல்யாண வீடுகளுக்கு ஒலிபெருக்கி வாடகைக்குக் கட்டும் தொழில் செய்தவர். எந்த வீட்டில் கட்டினாலும், சத்தம் சரியா என்று பார்க்க முதலில் ஒரே இசைத்தட்டைத்தான் போடுவார். மாப்பிள்ளை ஊர்வலத்தைப் பற்றிய பாட்டு. எங்கள் கரையோரத்தைச் சேர்ந்த ஒருவர் கொழும்புக்குப் போய்ப் பாடிப் பதிவு செய்தது. சகோதரரிடம் இருந்த இசைத்தட்டுகளெல்லாம் பின்னாளில் கைமாறிப் போய்விட்டன. அந்தப் பாட்டின் சொற்கள் எனக்கும் மறந்துவிட்டன; சகோதரரின் மனைவியான மதினிக்கும் மறந்துவிட்டன.

என் மகள் இணையத்தில் தேடினாள். பாட்டு எங்கும் அகப்படவில்லை. அதற்குப் பதிலாக, பழைய பொருட்களை விற்கும் ஓர் இணையச் சந்தையில் அந்த இசைத்தட்டின் படம் அகப்பட்டது. சிலாபத்தில் இருப்பதாகவும், விலை ஒன்றரை இலட்சம் ரூபாய் என்றும் போட்டிருந்தது.

"வாப்பா, இது பகல் கொள்ளை. இந்தக் காசுக்குப் பால் மாடு ஒண்டு வாங்கலாம்" என்றாள் மகள். "மெசேஜ் போட்டுக் குறைச்சுக் கேட்டுப் பார்க்கட்டா?"

வேண்டாம் என்று நான் தடுத்துவிட்டேன். நான் அவ்வாறு செய்ததற்குக் காரணம் என் தொழில். எங்கள் கரையில் மீன் குவியலின் பக்கத்தில் நின்று நான் ஒரு தொகையைச் சொன்னால், கூட்டத்தில் யாரோ ஒருவர் அத்தொகைக்குத் தயாராக நிற்கிறார் என்பதே பொருள். ஒருவரும் கேளாத தொகையை வாயால் சொல்பவன் மறுநாள் அந்தக் கரையில் நிற்க முடியாது. ஆகையால், ஒன்றரை இலட்சம் என்று கண்டதும், யாரோ ஒருவர் அவ்வளவுக்குக் கேட்டுவிட்டார் என்றே எடுத்துக்கொண்டேன். இனிக் குறைத்துக் கேட்பதில் பயனில்லை. மேலே போட வேண்டும், அதுவும் நேரில் போய்ப் போட வேண்டும் என்று முடிவு செய்தேன். அதிலே குறித்திருந்த இலக்கத்துக்கு அழைத்தேன். சாமான் இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றது ஒரு முதிய குரல். நான் வருமட்டும் வேறு யாருக்கும் முடித்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். விருப்பமில்லாதவர் போல அவர் முகவரியைச் சொன்னார்.

வீடு சிலாபத்திலிருந்து முன்னேஸ்வரம் செல்லும் பாதையில், ஓர் ஒடுங்கிய ஒழுங்கைக்குள் இருந்தது. விற்பவர் என் வயதை ஒத்தவர். தேங்காய்த் தரகு செய்து ஓய்ந்தவர். நெற்றியில் திருநீறு. என்னைக் கதிரையில் இருத்தினார். அவருடைய மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் வாசற்படியிலேயே நின்றார்.

அவர் இசைத்தட்டைக் கொண்டுவந்து காட்டிய விதம் எனக்கு வியப்பாக இருந்தது. விற்பவர் பொருளின் நலத்தையல்லவா சொல்லுவார்? இவரோ, முஸ்லிம்களில் மூத்தவரை அழைக்கும் முறையில் என்னை நானா என்றழைத்து, குற்றங்களாகவே சொன்னார்.

"வடிவாப் பாருங்க நானா. இந்த இடத்தில கீறல். ஊசி பாயும். லேபிளும் ஒரு பக்கம் உரிஞ்சு போச்சு. இவ்வளவு தூரம் வந்ததுக்கு இது பெறுமதியில்ல."

மற்றவர் கேட்ட விலைக்கே கொடுக்க எண்ணி என்னைத் தட்டிக்கழிக்கிறார் என்று நினைத்தேன். ஆகவே, ஏலக் கரையில் பேசும் அதே குரலில், "ஒன்றரைக்கு மேல அஞ்சாயிரம் போடுறன் ஐயா. இப்பவே கையில தாறன்" என்றேன்.

அவர் தம் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"கூட்டியல்லவா கேக்கிறார். இப்ப என்ன செய்யப் போறீங்க?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "முதல்ல கேட்ட ஆள் யாரு?" என்று வினவினேன்.

"ஒருத்தரும் கேக்கயில்ல நானா" என்றார் அவர். "அது நானே போட்ட விலை."

"ஒருத்தரும் கேக்காத விலைய எப்படிப் போடுவீங்க?"

"ஒருத்தரும் கேக்கக் கூடாதெண்டுதான் போட்டது" என்று பதில் சொன்னவர் அவருடைய மனைவி.

பின்னர்தான் விபரம் தெரிந்தது. அவர்களுடைய மகன் கொழும்பில் இருக்கிறார். பெற்றோரை அங்கே அழைத்துக்கொள்ள விரும்பி, வீட்டிலுள்ள பழைய சாமான்களையெல்லாம் விற்றுவிடச் சொல்லி, அவரே ஒவ்வொன்றையும் படம்பிடித்து இணையத்தில் போட்டிருக்கிறார். அலுமாரியும் கட்டிலும் நல்ல விலைக்குப் போய்விட்டன. இசைத்தட்டின் முறை வந்தபோது, விலையை மட்டும் தாம் சொல்வதாகத் தந்தை கேட்டிருக்கிறார். எவரும் அண்டாத ஒரு தொகையை யோசித்து ஒன்றரை இலட்சம் என்று சொல்லியிருக்கிறார். "பேய் விலை எண்டு மகன் சொன்னான். இருக்கட்டும் எண்டு விட்டன்" என்றார்.

"அப்படி என்ன இருக்கு இதில?" என்று கேட்டேன்.

அவர் தட்டின் ஓரத்தை விரலால் தடவினார். மனைவிதான் அவரைப் பார்த்து, "சொல்லுங்களன், வெக்கப்படாமல்" என்றார்.

"இதில டோலக் அடிச்சது நான்" என்றார் அவர். "அப்ப எனக்கு மீசையும் சரியா முளைக்கயில்ல. பாடினவர்தான் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போனவர். லேபிளில என்ட பேர் இல்ல. ஆனா சத்தம் இருக்கு."

இவ்வாறு சொல்லிவிட்டு அவர் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. தட்டை மென்துணியால் ஒருமுறை துடைத்து, உறையில் இட்டு, இரு கைகளாலும் என்னிடம் நீட்டினார்.

"சொன்ன விலைக்கு மேல கேட்டுட்டீங்க. இனி நான் மாட்டன் எண்டு சொல்றது முறையில்ல. கொண்டு போங்க."

அவருடைய முகத்தைப் பார்த்தபோது என் கை நீளவில்லை. அதேவேளை, வெறுங்கையோடு திரும்பினால் என் சகோதரருக்கு நான் என்ன செய்ய முடியும் என்ற எண்ணமும் மனத்தை அழுத்தியது. வாங்க வந்தவன் தன் தேவையை வெளியே காட்டக் கூடாது என்பது கரையில் நாங்கள் பழகிய பாடம். எனினும் அவ்விடத்தில் வேறு வழி எனக்குத் தெரியவில்லை. சகோதரரின் நிலையை அவர்களிடம் ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். முனகும் மெட்டைச் சொன்னேன். சொற்கள் எங்கள் ஒருவருக்கும் நினைவில்லை என்பதைச் சொன்னேன்.

அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "வீட்டில மெஷின் இருக்கா நானா?" என்றார்.

இசைத்தட்டைப் போடுவதற்கு ஓர் இயந்திரம் வேண்டும் என்பதை அந்தக் கணம்வரை நான் நினைத்தே பார்க்கவில்லை. இல்லை என்றேன்.

"அப்ப தட்டைக் கையில வச்சு ஊதவா இருந்தீங்க?" என்று அந்த அம்மா கேட்டார். மூவருமே சிரித்துவிட்டோம்.

பிறகு நடந்தவை விரைவாக நடந்தன. அவர் உள்ளறையிலிருந்து இயந்திரத்தைத் தூக்கி வந்தார். அந்த அம்மா என் கைத்தொலைபேசியை வாங்கி, பதிவுப் பொத்தானை அழுத்தி, ஒலிபெருக்கியின் அருகே பிடித்துக்கொண்டு, மூச்சு விடவும் கூடாது என்று எங்களுக்குக் கட்டளையிட்டார். பாட்டு பாதி போய்க்கொண்டிருக்கையில், தெருத்தெருவாகப் பாண் ரொட்டி விற்கும் முச்சக்கரவண்டி, ஆட்களை அழைக்கப் போடும் சங்கீதத்தோடு ஒழுங்கைக்குள் வந்தது. முழுவதும் கெட்டுப்போயிற்று. அது போய்த் தொலையும்வரை காத்திருந்து, முதலிலிருந்து மீண்டும் பதிந்தோம். டோலக் தனியே ஒலிக்கும் ஓரிடம் அதில் உண்டு. அங்கே வந்ததும் அவருடைய விரல்கள் முழங்காலில் தாமாகவே அசைந்தன.

எவ்வளவு வற்புறுத்தியும் ஒரு ரூபாயும் வாங்க மறுத்துவிட்டார். வாசற் படலைவரை வந்து, "அந்த டோலக் துண்டு வரக்குள்ள அவர் என்ன செய்யிறார் எண்டு பாத்து ஒருக்காச் சொல்லுங்க" என்று மாத்திரம் கேட்டுக்கொண்டார்.

அன்று பிற்பகல் அசர் தொழுகைக்குப் பின்னர் என் சகோதரரின் பக்கத்தில் அமர்ந்து அந்தப் பாட்டைப் போட்டேன். முதல் தடவை அவர் கண்களை மூடிக்கொண்டு கேட்டார். இரண்டாம் தடவை கூடவே முனகினார். மூன்றாம் தடவை, அடிகளின் ஈற்றுச் சொற்கள் ஒவ்வொன்றாக அவருடைய வாயிலிருந்து விழத் தொடங்கின. குழறலாகத்தான் வந்தன, ஆயினும் சொற்களேதான். மதினி அகப்பையும் கையுமாகக் குசினியிலிருந்து வந்து நின்றார். என் மகள் அழுதாள்.

பாட்டு முடிந்ததும் சரசரவென்று இரைச்சல் மட்டும் ஓடியது. என் சகோதரர் முகத்தைச் சுளித்தார். உதடுகள் பலமுறை அசைந்தன. பின்னர், கல்யாணப் பந்தலில் நின்று என்னை ஏவிய அதே அதட்டலோடு, "ஊசி... ஊசிய மாத்து" என்றார்.

பாட்டிலும் ஓதலிலும் இல்லாமல், தாமாக நினைத்து அவர் சொன்ன முதல் வார்த்தை அதுதான். அன்று எடுபிடியாக நின்ற தம்பியைப் போலவே, "சரி காக்கா" என்றேன்.

சிலாபத்துக்கு அழைத்துச் செய்தியைச் சொன்னேன். டோலக்கைப் பற்றிச் சகோதரர் ஒன்றும் சொல்லவில்லை, ஊசியைப் பற்றித்தான் குறை சொன்னார் என்பதையும் சற்றுத் தயக்கத்தோடு சொன்னேன். அந்த மனிதர், "அவர் சொன்னது சரி. ஊசி பழசுதான்" என்றார். சில நாட்களில் கொழும்பிலிருந்து புதிய ஊசி எடுப்பித்து, அதே பாட்டை மீண்டும் பதிந்து அனுப்பியிருந்தார். இரைச்சல் மிகக் குறைவு.

என் சகோதரர் இன்னும் முழுமையாகத் தேறவில்லை. சில நாட்களில் ஒரு சொல்லுக்காகக் கால் மணிநேரம் போராடுவார். ஆனால் போராடுவதை விடவில்லை. தண்ணீர் கேட்கிறார், சூடாக இல்லையென்றால் தேநீரைத் திருப்பி அனுப்புகிறார். சிலாபத்து மனிதரும் மகனோடு போகவில்லை. இசைத்தட்டு இன்னமும் அதே இணையச் சந்தையில் இருக்கிறது. அண்மையில் மகள் அதைக் காட்டினாள். விலை மூன்று இலட்சமாக உயர்ந்திருந்தது. "உங்களப் போல இன்னொருத்தர் வந்திடுவார் எண்டு பயந்திட்டார் போல, வாப்பா" என்றாள்.

நியாயமற்ற விலை என்று தோன்றும் எதையேனும் காணும்போது, அந்த விலைக்குப் பின்னால் கைவிட மனமில்லாத ஒருவர் அமர்ந்திருக்கலாம் என்றும், பணத்தைக் காட்டி அவரிடம் பெற முடியாததை நம்முடைய தேவையைச் சொல்லிப் பெற முடியலாம் என்றும் இந்த வயதில்தான் அறிந்துகொண்டேன்.