குறுக்கே பேசத் தெரியாத பெண்

பேருந்து நிலையத்தில் அறிவிப்பு அறை ஆறடிக்கு எட்டடிதான் இருக்கும். ஒரு மேசை, ஒரு மைக், கழுத்து சுளுக்கிய மின்விசிறி ஒன்று, சுவரில் நேர அட்டவணை. அதற்குள் உட்கார்ந்து முப்பத்தோரு வருஷம் ஒரு ஊரையே காது கொடுக்க வைத்தவள் அவள். "பயணிகள் கவனத்திற்கு" என்று அவள் ஆரம்பித்தால் சில்லறைக்கு மல்லுக்கட்டும் கண்டக்டர்கூட அப்படியே நிற்பார்.

அந்த வேலைக்கு நாற்பது பேர் வந்தார்கள். பாதிக்கு மேல் பட்டம் வாங்கியவர்கள். அவள் பத்தாவது, அதுவும் கணக்கில் தட்டுத்தடுமாறித் தேறியவள். அதிகாரி ஆளுக்கொரு தாளைக் கொடுத்து மைக்கில் படிக்கச் சொன்னார். அவள் தாளை ஒரு தடவை பார்த்தாள், மேசைமேல் கவிழ்த்து வைத்தாள், பார்க்காமலேயே சொல்லி முடித்தாள். அடுத்த ஆளைக் கூப்பிட அதிகாரிக்கு மனசே வரவில்லை. இதை அவளே சொன்னால் தற்பெருமை என்பார்கள். என்றுவிட்டுப் போகட்டும். உள்ளதைச் சொல்வதற்கு என்ன வெட்கம்?

ஆனால் இதே வாய்க்குப் பேச்சு வராது என்று ஒரு காலத்தில் ஒரு பள்ளிக்கூடம் முடிவு கட்டியது.

அவள் பிறந்தது கடல் தாண்டி. அப்பா அங்கே ஒரு பட்டறையில் ஃபிட்டர். மூன்றாம் மாடியில் இரண்டு அறை, சன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் குழாய்கள். கதவுக்கு வெளியே அந்த ஊர்ப் பாஷை, உள்ளே தமிழ். உள்ளேயும் தாராளமாக இருந்தது என்று சொல்ல முடியாது. அப்பா வேலை முடிந்து வந்தால் சோர்ந்து போய்ப் பேச்சுமூச்சு இல்லாமல் கிடப்பார். அம்மா தையல் மெஷினோடு பேசுவதே அதிகம். ஆகவே அவளுக்குத் தமிழ் வாத்தியார் ஒரு கேசட் ரெக்கார்டர்.

ஊரில் இருந்த பெரியப்பாவுக்குக் கடிதம் எழுதச் சோம்பல். பேசிப் பதிந்து அனுப்பிவிடுவார். இரண்டு மாதத்துக்கு ஒன்று, பழைய துணியில் சுற்றி வரும். வந்த அன்று அம்மா குழாயைக்கூட இறுக்கி மூடிவிட்டு வருவாள். மூன்று பேரும் மேசையைச் சுற்றி உட்காருவார்கள். முதலில் பெரியப்பாவின் செருமல். "தம்பி, நான்தான் பேசுறேன். இங்க எல்லாரும் சௌக்கியம். அங்க நீங்க சௌக்கியமான்னு தெரிஞ்சுக்க ஆசை." பிறகு பெரியம்மா, பிறகு அத்தை, ஒவ்வொருவராக. பின்னால் எங்கோ பாத்திரம் விழும், யாரோ கதவைச் சாத்துவார்கள். கடைசியில் "இத்தோட முடிச்சுக்கிறேன்" என்று ஒரு 'டக்'.

பதில் பதியும்போது அப்பா ஒரு விரலைத் தூக்கி வைத்திருப்பார். டேப் ஓடும்போது ஒருவர் பேசினால் மற்றவர் மூச்சு விடக் கூடாது. முதலில் யார் என்று சொல்ல வேண்டும், அடுத்து சௌக்கியம், அடுத்து சேதி, கடைசியில் முடிப்பு. தமிழ் பேசுவதென்றால் இப்படித்தான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அந்தக் கேசட்டுகளை அவள் டேப் இழுத்துக்கொள்ளும்வரை கேட்டாள். எந்த இடத்தில் அத்தை மூச்சு வாங்குவாள், எந்த இடத்தில் பெரியப்பா இருமுவார், எல்லாம் மனப்பாடம். பெரியப்பா போய் இருபது வருஷம் ஆகிறது. அந்த இருமல் மட்டும் இன்னும் அவள் காதில் தேயாமல் இருக்கிறது.

அவளுக்குப் பதினோரு வயதாகும்போது அப்பா வேலை பார்த்த பட்டறையை மூடினார்கள். ஊருக்கே திரும்பிவிடுவது என்று முடிவாயிற்று. வழியனுப்ப வந்த மாமா, அதாவது அம்மாவின் தம்பி, அங்கேயே தங்குகிறவர். "அக்கா, பிள்ளைக்கு அங்க ஒட்டலன்னா ஒரு வார்த்தை சொல்லு. எங்கிட்ட அனுப்பிடு, இங்கேயே படிக்கட்டும்" என்றார். அப்பா தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை அவள் பார்த்துவிட்டாள். அம்மாவை விட்டுவிட்டு அவள் மட்டும் திரும்பிப் போவதா?

பெரியப்பா வீட்டு முன்னறையில் சொந்தமெல்லாம் கூடியிருந்தது. எந்த முகமும் அவளுக்குப் பிடிபடவில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். குரல் வர வர, "இது அத்தை. இது பெரியம்மா. இது பெரியப்பா, இன்னும் சளி போகல" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். வீடே கைதட்டியது. அந்தத் தைரியத்தில் நேராக நிமிர்ந்து நின்று ஆரம்பித்தாள்.

"பெரியம்மா, நான்தான் பேசுறேன். இங்க அப்பா, அம்மா, நான் எல்லாரும் சௌக்கியம். அங்க நீங்க சௌக்கியமான்னு..."

"அங்கயா? ஏண்டி, உன் மூக்கு என் மூக்கை இடிக்குது, இதுல அங்க என்னடி அங்க?" என்றாள் பெரியம்மா.

அவள் நிறுத்தவில்லை. முடிப்பையும் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தாள். சிரிப்பு அடங்கக் கால் மணி நேரம் ஆயிற்று. பெரியப்பா மகள் அன்றைக்கே அவளுக்குக் 'கேசட்' என்று பேர் வைத்துவிட்டாள்.

சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும், உடம்பில் ஒட்டிக்கொள்ளப் போவதில்லை. தொல்லை வேறு இடத்தில் இருந்தது. அந்த வீட்டில் எட்டு வாய், ஒருத்தராவது பேச்சை முடிக்க வேண்டுமே! ஒருத்தர் பேச்சின் வாலை இன்னொருத்தர் வாயில் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். அவள் தன் முறை வரட்டும் என்று காத்திருந்தாள். காத்திருந்து காத்திருந்து குளியலறை போயிற்று, சன்னலோர இடம் போயிற்று, தட்டில் இரண்டாம் கரண்டிச் சோறும் போயிற்று.

பள்ளியில் பெரிய டீச்சர் அறை. கண்ணாடி அலமாரி, மேசையில் மணி, மை காய்ந்த முத்திரைப் பெட்டி.

"பேர் என்ன? எத்தனாவது படிச்சே? தமிழ் படிக்க வருமா? என்னம்மா நிக்கிறே? காது கேக்குமில்ல?"

அவள் முடிப்புக்காகக் காத்திருந்தாள். டீச்சர் ஒரு நொடி நிறுத்தினார். அவள் மூச்சை இழுத்தாள். அதற்குள் அப்பா, "டீச்சர், இவ வீட்டுல நல்லாத்தான்..." என்று தொடங்கிவிட்டார். அப்பா பேசும்போது பேசலாமா? வாயை மூடிக்கொண்டாள்.

"மூணாவதுல உக்கார வைக்கலாம். இல்லன்னா வேற வழி பாருங்க. எதுக்கும் திங்கட்கிழமை கூட்டிட்டு வாங்க" என்றார் டீச்சர்.

அன்று சாயங்காலம் பக்கத்து அறையில் அப்பா அம்மாவிடம் சொல்வது கேட்டது. "திங்கட்கிழமையும் இப்படி மரமா நின்னான்னா உன் தம்பிகிட்டயே அனுப்பிடலாம். படிப்பு பாழாகக் கூடாது பாரு." மகளுக்கு 'போக மாட்டேன்' என்று வாய்வரை வந்தது. ஆனால் அது அவர்கள் இருவரும் பேசுகிற பேச்சாயிற்றே, அவள் முறை எங்கே இருக்கிறது?

சனிக்கிழமை தெருவில் பெரியப்பா மகள் சபை கூட்டியிருந்தாள். ஆறே மாதம் மூத்தவள், அதற்கு அக்கா என்று கூப்பிட வேண்டுமாம். பொய் சொன்னால் சோறு கிடைக்காது என்பார்கள், அவளுக்கோ பொய்தான் சோறு.

"எங்க கேசட் இருக்காளே, அந்த ஊர்ல ஃபிரிட்ஜுக்குள்ளதான் தூங்குவாளாம். அவ்வளவு வெயிலு."

தெருப் பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். அவள் பொறுத்துக்கொண்டாள்.

"சித்தப்பா அங்க ரயிலையே தனியாத் தூக்குவாராம்."

அதையும் பொறுத்தாள்.

"ஆனா இவளுக்கு இங்க நம்மளையெல்லாம் பிடிக்கலையாம். திரும்பிப் போகப் போறா. இவளே மாமாகிட்ட கேட்டு அழுது..."

"பொய்!"

அது எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. "நான் கேக்கவே இல்ல! நான் போக மாட்டேன்! நீ ஏண்டி..."

"ஏய், அக்காவை 'டி'ங்கறியா..."

"சொல்லுவேன்! பொய் சொன்னா சொல்லுவேன்! ஃபிரிட்ஜும் பொய், ரயிலும் பொய்..."

இரண்டு பேரும் சேர்ந்தே கத்தினார்கள். யாரும் யாருக்கும் இடம் விடவில்லை. பெரியம்மா கரண்டியோடு வெளியே ஓடிவந்தாள். "யாருடி அது, தெருவுல புதுசா ஒரு தொண்டை?" அப்புறம்தான் ஆளைப் பார்த்தாள். கரண்டி கீழே இறங்கிவிட்டது.

அக்காக்காரி மூச்சு வாங்கினாள். "இவ்வளவையும் இத்தனை நாளா எங்கடி வச்சிருந்தே?"

"நீ முடிக்கட்டும்னு இருந்தேன்."

"நான் என்னைக்குடி முடிச்சிருக்கேன்?"

ஞாயிறு முழுக்க இருவரும் எதற்கென்றே இல்லாமல் சண்டை போட்டார்கள். தலையணைக்கு ஒன்று, சோப்புக்கு ஒன்று, சன்னலோர இடத்துக்கு ஒன்று. அதில் அவள் இரண்டில் ஜெயித்தாள். தமிழில் அவள் ஜெயித்த முதல் சண்டைகள். எத்தனை வருஷம் போனாலும் அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் அவளுக்கு உள்ளங்கை சூடாகும்.

திங்கட்கிழமை அதே அறை. "பேர் என்ன? எத்தனா..."

பேரைச் சொன்னாள். "ஆறாவது, டீச்சர்" என்றாள்.

அப்பா தொண்டையைச் செருமினார். "டீச்சர், இவளுக்குக் கொஞ்சம் கூச்ச..."

"எனக்கு ஒரு கூச்சமும் இல்லப்பா, நீங்க சும்மா இருங்க. டீச்சர், நான் படிப்பேன், எழுதினா தப்பு வரும். ஆனா மூணாவதுல உக்கார மாட்டேன். எங்க அக்கா பக்கத்துல பெஞ்சுல இடம் இருக்காம்."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றி அப்பாவைப் பார்த்தார். "போன வாரம் ஊமையா நின்னது இதே பொண்ணுதானா? இல்ல, ஆளை மாத்திக் கூட்டிட்டு வந்துட்டீங்களா?"

டீச்சர் சேர்க்கைப் படிவத்தை எடுத்து ஆறு என்று எழுதினார். "எழுத்து சரியாகிற வரைக்கும் பள்ளிக்கூடம் விட்டதும் அரை மணி நேரம்..."

"இருக்கேன் டீச்சர்!"

"நான் இன்னும் முடிக்கலம்மா."

"தெரியும் டீச்சர்."

வெளியே வந்ததும் அப்பா மெதுவாக ஆரம்பித்தார். "உங்க மாமாவுக்கு நான்..."

"வர மாட்டேன்னு சொல்லிடுங்க."

"அதில்லம்மா, நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"போக மாட்டேன்னும் சொல்லிடுங்க."

அவர் சிரித்தார். மறுபடி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்கும் அவளிடம் பதில் தயாராக இருந்தது. வீடு வந்து சேரும்வரை அந்த மனுஷனால் ஒரு பேச்சைக்கூட முடிக்க முடியவில்லை.