ஆற்றுத் தீவுக்கு ஐந்து கான் தண்ணீர்

எங்கள் இராஜரத்தினத்துக்குப் பக்கத்தில் பஸ்ஸில் யாராவது தெரியாத்தனமாக இருந்துவிட்டால், பேராதனைச் சந்தி வருவதற்குள் அந்த மனிதரின் பாட்டன் பூட்டன் எல்லாரும் வெளியே வந்துவிடுவார்கள். "ஊரிலை எவடம்?" என்பது முதல் கேள்வி. "கோயிலடியோ, கடற்கரைப் பக்கமோ?" என்பது இரண்டாவது. மூன்றாவது கேள்விக்கு அநேகமாக வேலை இராது. அதற்குள் "அட, நீர் எனக்கு மருமோன் முறையல்லோ" என்று கையைப் பிடித்துக்கொள்வார்.

ஒருமுறை நாவலப்பிட்டியில் ஒரு வாத்தியாரின் செத்த வீட்டுக்குப் போனார். வீடு மாறி, அடுத்த தெருவில் இருந்த வேறு செத்த வீட்டுக்குள் நுழைந்துவிட்டார். வேறு யாராவது என்றால் மெதுவாக எழும்பி வந்திருப்பார்கள். இவர் அங்கேயே இருந்து, நாலு பேரை விசாரித்து, செத்தவரின் பெண்சாதி தன் தகப்பனுக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி என்று கண்டுபிடித்து, பாடைக்கு ஒரு பக்கம் தோள் கொடுத்துவிட்டுத்தான் வந்தார். வாத்தியார் வீட்டுக்காரருக்கு இன்றைக்கும் கோபம்.

பிறந்தது புங்குடுதீவு. இருபத்திரண்டு வயதில் கிளாக்கர் வேலைக்குக் கண்டிக்கு வந்தவர், பென்சன் எடுத்த பிறகும் இங்கேதான். பெண்சாதி சத்தியபாமா சுன்னாகத்துப் பெண். அவளின் தாயும் என் தாயும் கூடப்பிறந்தவர்கள், நான் மூத்தவள். கண் காட்டுவதற்காக ஒரு கிழமைக்கு என்று இவர்கள் வீட்டுக்கு வந்தேன். பதினொரு வருஷமாகிவிட்டது. கண் இப்போது நன்றாகத் தெரிகிறது.

வீடு இருப்பது பெரியாஸ்பத்திரிக்குக் கூப்பிடு தூரத்தில். அதுதான் வினை. நெஞ்சு நோ என்று வருகிறவர்கள், பேராதனையில் பிள்ளையைச் சேர்க்க வருகிறவர்கள், பெரஹரா ஊர்வலம் பார்க்க வருகிறவர்கள், நுவரெலியாவுக்குப் போகும் வழியில் கால் ஆற வருகிறவர்கள் எல்லாருக்கும் இராஜரத்தினம் ஒரு முறை வைத்திருப்பார். முறை இருந்தால் சாப்பாடு இருக்க வேண்டும். கல்யாணம் கட்டி முப்பத்தாறு வருஷத்தில், ஆட்கள் இல்லாத ஒரு சனி ஞாயிறை சத்தியபாமா கண்டதில்லை.

போன ஆவணியில் ஒருநாள் ராஜலிங்கம் தொலைபேசி எடுத்தார். இராஜரத்தினத்தின் சின்னம்மா மகளைக் கட்டியவர், யாழ்ப்பாணத்தில் இருக்கிறார். மகனுக்கு அப்போதுதான் கல்யாணம் முடிந்திருந்தது. புது மாப்பிள்ளை பொம்பிளை சொந்தக்காரர் வீடு வீடாக விருந்துக்குப் போவது எங்கள் வழக்கம். "வாற கிழமைக்கு அடுத்த சனி உங்கடை வீட்டை அனுப்புறன்" என்றார். இவரும் "ஓமோம், நண்டு வாங்கி வைக்கிறன்" என்று சொல்லிவிட்டார்.

சத்தியபாமா துருவிக்கொண்டிருந்த தேங்காயைக் கீழே வைத்தாள்.

"அக்கா, எனக்கு ரெண்டு நாள் வேணும்" என்றாள் என்னிடம். "ஒருத்தருக்கும் தேத்தண்ணி ஊத்தாத ரெண்டே ரெண்டு நாள். கிடைக்காட்டி நான் கொழும்பிலை கஜாலினியோடை ஆறு மாசம் போய் இருக்கப் போறன். வாற சனத்துக்கு இவரே சமைச்சுப் போடட்டும்."

கஜாலினி அவர்களின் ஒரே மகள். விஷயம் கேட்டதும் அன்றைக்கே ஒரு ஒழுங்கு செய்தாள். கெலிஓயாப் பக்கம் மகாவலிக்கு நடுவில் ஒரு சின்னத் தீவு. ஷிராஸ் என்ற பையன் அங்கே இரண்டு மரக்குடில் கட்டி, சனி ஞாயிறுக்கு விடுகிறானாம். மரமும் பறவையும் ஆறும்தான். தொலைபேசியை இந்தக் கரையிலேயே ஒரு பிஸ்கட் ரின்னில் போட்டுவிட்டுப் போக வேண்டும். சத்தம் போடக் கூடாது. சமையலும் கிடையாது, ஷிராஸின் பெண்சாதி ஸனா சமைத்து அனுப்புவாள். இதைக் கேட்ட சத்தியபாமா கண்ணை மூடிக்கொண்டாள், கோயிலில் தீபம் காட்டும்போது மூடுகிற மாதிரி.

என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். "அக்கா விருந்தாளி இல்லை, அவ எனக்கு மற்றக் கை" என்றாள் சத்தியபாமா. இராஜரத்தினத்துக்கு மட்டும் ஒரு சட்டம்.

"அங்கை ஆரைக் கண்டாலும் எவடம் எண்டு கேக்கக் கூடாது. கேட்டியளோ, அடுத்த நாள் நான் கொழும்பு."

"கேக்க மாட்டனப்பா."

"எந்தக் கோயிலடி எண்டும் கேக்கக் கூடாது."

"அதுவுமோ?"

சனி காலை முச்சக்கர வண்டி வந்து நின்றபோது, இவர் வீட்டுக்குள்ளிருந்து ஒன்றன் பின் ஒன்றாக ஐந்து பெரிய பிளாஸ்டிக் கான் தண்ணீர் சுமந்துகொண்டு வந்தார்.

"இதென்ன கூத்து?" என்றாள் சத்தியபாமா.

"தீவுக்கல்லோ போறம்? தீவிலை நல்ல தண்ணி இராது."

சொன்னால் கேட்கிற ஆளில்லை. கிணற்றுத் தண்ணீர் உப்பான புங்குடுதீவில், சின்ன வயதில் நல்ல தண்ணீருக்குக் குடம் தூக்கிக்கொண்டு ஒன்றரை மைல் நடந்தவர். தீவு என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்குத் தொண்டை வறண்டுவிடும். கடல் நடுவில் இருந்தாலென்ன, ஆற்று நடுவில் இருந்தாலென்ன, தீவு தீவுதான் என்பது அவர் கட்சி. வண்டியில் தண்ணீர் கதிரையில் வந்தது. நாங்கள் மூன்று பேரும் ஒருவர் மடியில் ஒருவர் என்ற கணக்கில் போனோம்.

ஆற்றங்கரையில் ஷிராஸ் கான்களைப் பார்த்தான், பிறகு மகாவலியைப் பார்த்தான்.

"அங்கிள், நாலு பக்கமும் தண்ணிதானே ஈக்கி! இதென்னத்துக்கு?"

"தம்பி, நீர் உம்மடை தோணியைப் பிடியும்."

தோணி ஒருமுறை எங்களைக் கொண்டுபோனது, ஒருமுறை தண்ணீரைக் கொண்டுபோனது. "ஆத்துக்கு மேலால தண்ணியை ஏத்திட்டுப் போனவன் நான் ஒருத்தன்தான்" என்று ஷிராஸ் சிரித்துச் சிரித்துத் துடுப்பை நழுவவிட்டான்.

தீவைச் சுற்றி வர இருநூறு அடிதான் வரும். பெரிய மருத மரங்கள் ஆற்றுக்குள் காலை விட்டுக்கொண்டு நின்றன. மூங்கில் பற்றையில் மீன்கொத்தி. கரையில் உடும்பை விடப் பெரிய ஒரு கபரக்கொய்யான் முதலாளி மாதிரி வெயில் காய்ந்தது. சத்தியபாமா ஒரு சாய்மனைக் கதிரையை ஆற்றுப் பக்கம் திருப்பிப் போட்டு இருந்தாள். இருந்தவள் இருந்தவள்தான். ஸனா அனுப்பிய தேத்தண்ணீரை ஷிராஸ் கொண்டுவந்து வைத்தான். அவள் அதைக் குடிக்காமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மற்றக் குடிலில் ஒரு இளம் சோடி இருந்தது. அரைக் காற்சட்டை போட்ட பெடியன், தொப்பி போட்ட பெட்டை. தமிழ்தான் கதைத்தார்கள், அதுவும் எங்கள் பக்கத்துத் தமிழ். இராஜரத்தினத்தின் காது நாய்க்குட்டியின் காது மாதிரி நிமிர்ந்தது. சத்தியபாமா கதிரையில் இருந்தபடியே ஒரு விரலைத் தூக்கிக் காட்டினாள். காது மடங்கியது.

பாவம், மனிதன் பட்ட பாடு! அன்று பகல் தீவைப் பதினான்கு தரம் சுற்றினார். நான் எண்ணினேன். ஒவ்வொரு தரமும் அந்தக் குடிலைத் தாண்டும்போது வாயைக் கையால் பொத்திக்கொண்டு தாண்டினார். பிறகு பறவைகளிடம் போனார்.

"மச்சாள், அந்தக் கட்டைக் கொக்கைப் பாருங்கோ" என்றார் என்னிடம். "மற்றக் கொக்குக்குக் கிட்டப் போகுதில்லை. இது தாய்வழி. காணிப் பிரச்சினையாத்தான் இருக்கும்."

பின்னேரத்துக்குள் அந்தத் தீவின் நீர்க்காகங்கள் முழுவதுக்கும் முறை வைத்து முடித்துவிட்டார். கபரக்கொய்யான் மட்டும் ஒரு சாதிக்கும் பிடிபடாமல் தனியே நின்றது.

அந்தச் சோடியும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. நான் ரகசியமாக ஒரு ரின் தட்டைவடை கொண்டு போயிருந்தேன். நீட்டினேன். அந்தப் பெடியன் பாம்பைக் கண்டவன் போல இரண்டு அடி பின்னால் போனான். "வேண்டாம் அம்மா, சாப்பாடு எண்டு ஒண்டும் காட்டாதேங்கோ" என்று கும்பிட்டான். அன்றைக்கு இரண்டு பேரும் கிறீம்கிறேக்கர் பிஸ்கட்டைத் தவிர வேறொன்றும் தொடவில்லை.

பொழுதுபட மழை பிடித்தது. விடிந்து பார்த்தால் ஆறு தேத்தண்ணீர் நிறத்தில், ஒரு முழம் ஏறி ஓடிக்கொண்டிருந்தது. அக்கரையில் ஷிராஸ் நின்று கையை ஆட்டினான்.

"அங்கிள்! பகலாகும்! தண்ணி வத்தினாத்தான் தோணி! பயப்பட வாணாம்!"

அவன் கத்தியது எல்லாம் சரி. ஆனால் ஒவ்வொரு நாளும் காலையில் குடிதண்ணீர் கொண்டுவருவதும் அந்தத் தோணிதான். குடில்களுக்குப் பொதுவாக வைத்திருந்த தண்ணீர்ப் பீப்பாவைத் திறந்தால் அடியில் ஒரு சிறங்கைதான் கிடந்தது. நாலு பக்கமும் மகாவலி ஓடுகிறது, வாயில் வைக்க ஒரு சொட்டுக் கிடையாது.

இராஜரத்தினம் ஐந்து கானையும் வெளியே கொண்டுவந்து, சத்தியபாமாவின் கதிரைக்கு முன்னால் வரிசையாக வைத்தார். பரிசு வாங்கிய பள்ளிக்கூடப் பிள்ளையின் முகம்.

"சரி சரி, நெஞ்சை உள்ளுக்கு எடுங்கோ" என்றாள் அவள்.

கொஞ்ச நேரத்தில் மற்றக் குடில்காரர் வந்தார்கள், கையில் வெறுங் கேத்தில். தண்ணீர் கேட்கத்தான் வந்தார்கள். ஆனால் அந்தப் பெடியன் கான்களைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டான். ஒன்று, இரண்டு என்று விரலால் எண்ணினான். சிரிப்பு வந்துவிட்டது.

"ஐயா, ஆத்துக்கு நடுவிலை இவ்வளவு தண்ணி! என்ரை அம்மம்மாவும் இப்பிடித்தான், எங்கை போனாலும் கானோடைதான் போவா. நீங்களும் தீவோ? புங்குடுதீவோ?"

 இவர் கேட்கக் கூடாது என்பதுதான் சட்டம். இவரைக் கேட்டால் என்ன செய்வது என்று ஒருவரும் யோசிக்கவில்லை. வாயைத் திறந்தால் முறை வரும். முறை வந்தால் சாப்பாடு வரும். சத்தியபாமா கதிரையின் இரண்டு கையையும் இறுக்கிப் பிடித்தாள். அவளுடைய இரண்டாம் நாள் இன்னும் காலை எட்டு மணியைத் தாண்டவில்லை.

இராஜரத்தினம் அவளைப் பார்த்தார். ஆற்றைப் பார்த்தார். கான் ஒன்றின் மூடியைத் திருகினார்.

"இல்லைத் தம்பி" என்றார். "நான் கண்டி. எனக்கு ஒரு தீவும் தெரியாது."

அறுபத்தெட்டு வயது மனிதன், பிறந்த மண்ணை இல்லை என்று சொல்லிவிட்டு, கண் கலங்கித் தண்ணீர் ஊற்றுகிறார். கேத்திலுக்குப் பாதி, காலுக்குப் பாதி.

சத்தியபாமாவால் தாங்க முடியவில்லை. கதிரையை விட்டு எழும்பிவிட்டாள்.

"ஏனப்பா பொய் சொல்லுறியள்? தம்பி, இவர் அசல் புங்குடுதீவு! தேய்ச்சுக் கழுவினாலும் போகாது! நீர் ஆரின்ரை பிள்ளை? ஊரிலை எவடம்?"

கேட்டது அவள்தான். கேட்ட பிறகுதான் வாயைப் பொத்தினாள்.

"அப்பா ராஜலிங்கம்" என்றான் அவன். "நான் தனேஸ். இவ கோசலா."

நண்டு விருந்துக்கு வர வேண்டிய அதே சோடி. வீடு நிறைய ஆஸ்பத்திரிக்கு வந்த சனம் என்று நாங்கள் கல்யாணத்துக்குப் போகவில்லை, படம் மட்டும் தொலைபேசியில் வந்தது. தலைப்பாகையும் மாலையும் போட்ட பிறகு எந்த மாப்பிள்ளையை எந்த மாப்பிள்ளை என்று கண்டுபிடிப்பது? அரைக் காற்சட்டையில் வந்தால் இன்னும் மோசம்.

"நீங்கள்... கண்டி மாமாவோ?" என்றான் தனேஸ். அவன் முகம் வெளிறிவிட்டது. "அடுத்த சனி நண்டு..."

கோசலா அந்த இடத்திலேயே புல்லில் இருந்துவிட்டாள். "மாமி, பதினேழு வீடு" என்றாள் அழாக் குறையாக. "பதினேழு வீட்டிலையும் நண்டு. 'இன்னும் கொஞ்சம் போடு, இன்னும் கொஞ்சம் போடு' எண்டு. கொழும்பிலையிருந்து பதுளைக்கு எண்டு பொய் சொல்லிப்போட்டு இஞ்சை வந்து ஒளிச்சிருக்கிறம். எங்களை மாமாவிட்டைக் காட்டிக் குடுத்திடாதேங்கோ."

"எந்த மாமாவிட்டை?" என்றாள் சத்தியபாமா.

"இந்த மாமாவிட்டைத்தான்!"

சத்தியபாமா சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பென்றால் மருத மரத்து வௌவால்கள் எழும்பிப் பறக்கிற சிரிப்பு. சத்தம் போடக் கூடாது என்ற சட்டம் ஆற்றோடு போய்விட்டது. சிரித்து முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"பிள்ளையள், உங்களுக்குச் சாப்பிட ஏலாது. எனக்குச் சமைக்க ஏலாது. விருந்தை இப்பவே முடிப்பம். அக்கா, அந்த வடை ரின்னை எடுங்கோ."

"மாமி, நீங்கள் இருங்கோ" என்று தனேஸ் கேத்திலோடு உள்ளே போனான். அவன்தான் தேத்தண்ணீர் போட்டான். சாயம் கூடிப்போனது, சீனியும் கூடத்தான். முதல் கோப்பையைக் கொண்டுவந்து சத்தியபாமாவின் கையில் கொடுத்தான். முப்பத்தாறு வருஷத்தில் ஒரு சொந்தக்காரன் அவளுக்கு ஊற்றிக் கொடுத்த முதல் தேத்தண்ணீர். "நல்லாயிருக்கு" என்று பொய் சொன்னாள்.

ஆளுக்கு ஒரு வடை. புது மாப்பிள்ளை பொம்பிளைக்கு ஏதாவது கொடுக்க வேண்டுமே என்று இராஜரத்தினம் தேடினார். கொண்டுவந்தது வேறென்ன இருக்கிறது? திறக்காத கான் ஒன்றைத் தூக்கிக் கோசலாவிடம் நீட்டினார். அவள் காலில் விழுந்து வாங்கிக்கொண்டாள். அதன் பிறகு அவர் கட்டவிழ்ந்த கன்று மாதிரி ஆகிவிட்டார். தோணி வரும்வரை கோசலாவின் தாய்வழியில் ஏழு தலைமுறை வெளியே வந்தது. சத்தியபாமா தடுக்கவில்லை. கதிரையில் நித்திரையாகிவிட்டாள்.

ராஜலிங்கத்துக்கு விருந்து சிறப்பாக முடிந்தது என்று செய்தி போனது. நண்டு பற்றி அவர் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

அடுத்த சனி ஒருவரும் வரவில்லை. ஆஸ்பத்திரிக்குக்கூட ஒருவரும் வரவில்லை. சத்தியபாமா விறாந்தையில் காலை நீட்டிக்கொண்டு இருந்தாள். இராஜரத்தினம் வீட்டைப் பதினான்கு தரம் சுற்றினார். பின்னேரம் நாலு மணிபோல அவளுக்கு முன்னால் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்.

"பிள்ளை, நீர் ஊரிலை எவடம்?"

அவள் கண்ணைத் திறக்கவேயில்லை.

"சுன்னாகம்" என்றாள். "கோயிலடியோ சந்தையடியோ எண்டு அறிய வேணுமெண்டால், முதல் போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வாங்கோ. அக்காவுக்கும் ஒண்டு."