ஆள் போன அறை

எஸ்தோனியா எங்கே இருக்கிறது என்று குமுதாவுக்கு வரைபடத்தில் காட்டத் தெரியாது. ஆனால் அந்த ஊர் இயக்குநர் ஹெய்னோ ராவ்மாவின் படங்களைப் பற்றிக் கேட்டுவிட்டால் போதும், பினாங்கின் ஆயர் ஈத்தாமில் பஸ் ஏறியதிலிருந்து டவுனில் இறங்கும்வரை வாய் ஓயமாட்டாள். கேட்கத்தான் ஆள் கிடைப்பதில்லை.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் அவளுக்கு மைக்ராஸ்கோப் வேலை. பகலெல்லாம் மின்னணுச் சில்லுகளில் கீறல் தேடுகிறவள். ஒருநாள் மழைக்கு ஒதுங்க ஆர்மேனியன் ஸ்திரீட்டில் ஒரு பழைய கடைவீட்டு மாடி ஏறினாள். அங்கே ஏதோ ஒரு திரைப்படச் சங்கம் ராவ்மாவின் படத்தை ஓட்டிக்கொண்டிருந்தது. மழை விட்டும் அவள் இறங்கவில்லை.

ராவ்மா படத்தில் பெரிதாக ஒன்றும் நடக்காது. புருஷனும் பெண்டாட்டியும் மேசையில் உட்கார்ந்து பேசுவார்கள், சண்டை போடுவார்கள், எழுந்து போய்விடுவார்கள். மற்ற இயக்குநர்கள் என்றால் கேமராவையும் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடுவார்கள். ராவ்மாவின் கேமரா இருந்த இடத்திலேயே இருக்கும். காலி நாற்காலி, பாதி குடித்த கோப்பை, அசையாத திரைச்சீலை. முதலில் சலிப்புத் தட்டும். பிறகு கண் பழகிவிடும், உட்கார்ந்திருந்தவரின் கனம் மெத்தையில் இன்னும் பதிந்திருப்பது தெரியும். அதற்கும் பிறகு, அங்கே யாரோ இருக்கிறார்கள் என்று முதுகு சில்லிடும். கடைசிவரை யாரும் வரமாட்டார்கள். பேய்ப்படம் எடுக்கிறவர்கள் முகத்தில் மாவைப் பூசிக்கொண்டு அலறித் தொலைக்கிறார்கள்; இந்த மனிதர் ஒரு நாற்காலியை வைத்தே பயங்காட்டிவிடுவார். ஆள் போய்விட்டால் அறை காலியாகிவிடாது என்று நம்புகிற ஒருவர் எங்கேயோ குளிர்தேசத்தில் இருக்கிறார் என்பதே குமுதாவுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

அவள் கணவர் சிவநேசன் லாரி ஓட்டுநர், கதவு நிலை இடிக்கும் உயரம். ஒரே ஒருமுறை கூட வந்தார், வந்து நன்றாகத் தூங்கினார். விழித்ததும் சொன்னது இது: “ஆளே இல்லாத ரூமை இவ்ளோ நேரம் காட்டுறான். கேமராவ மறந்து வச்சிட்டு சாப்பிடப் போயிட்டான் போலலா.” அவருக்குக் கேமரா என்றாலே ஆகாது. கல்யாணப் படத்தில்கூடப் பந்தல் காலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். குமுதாவோ ராவ்மாவைப் பார்த்துப் பார்த்து, தானும் போனை அலமாரியில் சாய்த்துவைத்து வீட்டைப் படம்பிடிக்கப் பழகியிருந்தாள். போன் நிமிர்ந்து நிற்பதைக் கண்டால் அவர் அறையிலிருந்து கூடத்துக்கு வரவேமாட்டார். அறை வாசல் திரைச்சீலையைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்து, அவள் போனை எடுக்கும்வரை அங்கேயே நிற்பார். இந்தக் கூத்து வாராவாரம் நடக்கும்.

அவர் செத்த அன்றும் அவள் சங்கத்தில்தான் இருந்தாள். படம் ஓடும்போது போனை அணைத்துவிட வேண்டும் என்பது அங்கே கட்டாயம். படுக்கையறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவரைப் பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் தூக்கினார்கள். அவளை அழைத்து அழைத்து அலுத்துப்போனார்கள். பஸ் நிறுத்தத்தில் போனை உயிர்ப்பித்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஒருவரும் அவளைக் குறை சொல்லவில்லை. அவளுக்கே அவளை மன்னிக்க முடியவில்லை. கடைசியில் தன்மேல் கோபத்தோடு போனாரா என்பது ஒன்றுதான் அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது.

எட்டாம் நாள் படையலுக்கு நிபோங் திபாலிலிருந்து அவருடைய அக்கா காமினி வந்து எல்லாவற்றையும் முன்நின்று செய்தாள். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் பக்கம் அவர் எப்போதும் சாப்பிடும் கடையிலிருந்து நாசி கண்டார் சோறு, எல்லாக் குழம்பும் கலந்து ஊற்றியது. ஒரு கோப்பை கோப்பி. கூடத்து மேசையில் இலை போட்டு, நாற்காலியும் போட்டு, விளக்கு அணையாதிருக்க ஜன்னலைச் சாத்தி மின்விசிறியையும் நிறுத்தினார்கள். பிறகு எல்லாரும் வெளியே அடுக்குமாடி நடைபாதைக்குப் போய்க் கதவை மூடிக்கொள்ள வேண்டும். போனவர் வந்து சாப்பிடுவார். சோற்றில் கை பட்ட தடம் இருந்தால் நிறைவு, இல்லையென்றால் மனக்குறை. சாப்பிடும்போது யாரும் பார்க்கக் கூடாது.

குமுதா கடைசியாக வெளியே வந்தாள். வரும்போது போனை அலமாரியில் சாய்த்து, பதிவை ஓடவிட்டுவிட்டு வந்தாள்.

காமினி கதவைத் தட்டித் திறந்தபோது சோறு வைத்தது வைத்தபடியே இருந்தது. “என்னமோ மனக்குறை இருக்கு அவனுக்கு,” என்றவள் குமுதாவின் முகத்தைப் பார்த்ததும் இலையை எடுக்கக் குனிந்தாள்.

எல்லாரும் கிளம்பியபின், வெயில் தணிகிற நேரத்தில், குமுதா பதிவைப் பார்த்தாள். ராவ்மாவே எடுத்ததுபோல இருந்தது. காலி நாற்காலி, ஆவி அடங்கும் கோப்பி, நிமிர்ந்து எரியும் சுடர். அவள் கண்கள் கீறல் தேடிப் பழகியவை, அசையாமல் பார்த்தன.

படுக்கையறைத் திரையின் ஓரம் விலகியது.

ஓர் உயரமான ஆளின் தலைமட்டத்தில், கையகலத்துக்கு விலகி, அப்படியே நின்றது. சுடர் ஆடவில்லை. திரைக்குப் பின்னால் இருட்டு மட்டும்தான் இருந்தது. வெகுநேரம் கழித்துத் திரை மெல்ல விழுந்தது. அப்புறம் காமினி கதவைத் தட்டும் சத்தம் கேட்டது.

குமுதா போனை இன்னும் கிட்டே கொண்டுவந்தாள். அறை வாசல்வரை வந்து, முகம் கொடுக்காமல் திரும்பிவிட்டாரே, அவ்வளவு கோபமா என்று மறுபடி ஓடவிட்டாள். மறுபடியும் திரை விலகி நின்றது. நிற்கிற அந்த விதத்தை அவளுக்கு எத்தனையோ வருஷமாகத் தெரியும்.

“போனைக் கீழ வை மொத. அப்புறம் வரேன்.” வாராவாரம் திரைக்குப் பின்னாலிருந்து அவர் சொல்லிக் கேட்ட பேச்சு அது.

கோபமே இல்லை. எட்டு நாள் பசியோடு வந்தவர், அவள் போனை எடுப்பாள் எடுப்பாள் என்று அங்கேயே காத்திருந்திருக்கிறார். குமுதா அன்றுதான் வாய்விட்டு அழுதாள்.

பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, எடுத்து வைத்திருந்த நாசி கண்டாரைச் சூடுபண்ணிப் புது இலையில் போட்டாள், கோப்பியும் கலக்கி வைத்தாள். போனை அணைத்துக் கையோடு எடுத்துக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்தினாள். நடைபாதையில் குந்தி உட்கார்ந்தாள். எதிரே பினாங்கு மலை இருட்டிக்கொண்டு வந்தது. யார் வீட்டிலோ சீரியல் ஓடியது.

உள்ளே நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

கதவில் சாவித்துவாரம் இருந்தது. எந்த அறையையும் கண்கொட்டாமல் பார்க்கக் கற்றுக்கொண்டவள் தலையைத் திருப்பி மலையைப் பார்த்துக்கொண்டாள்.

“மெதுவாச் சாப்பிடுங்க,” என்றாள். “நான் பாக்கல.”